கார் இல்லாமல் லாஸ் ஏஞ்சல்ஸில் நான்கு நாள் சுற்றிப் பார்க்க முடியுமா?

கேட்டவர் சொன்னது இது: அவரும் அவருடைய அம்மாவும் நான்கு நாள் லாஸ் ஏஞ்சல்ஸ் வருகிறார்கள். அங்கே கார் ஓட்ட அவருக்கு விருப்பம் இல்லை. அம்மாவால் ஓரளவுதான் நடக்க முடியும். கார் இல்லாமல் அந்த ஊருக்குப் போகவே போகாதே என்று தெரிந்தவர்கள் எல்லோரும் பயமுறுத்துகிறார்கள்.

முடியும். நான் இந்த ஊரில் கார் வைத்துக்கொள்ளாமல்தான் குடியிருக்கிறேன். ஊரிலிருந்து வரும் சொந்தக்காரர்களையும் ரயிலிலும் பஸ்ஸிலும்தான் அழைத்துப் போகிறேன். ஆனால் ஒரு நிபந்தனை உண்டு. பார்க்க வேண்டிய இடங்களின் பட்டியலை முதலில் எழுதி வைத்துக்கொண்டு, அதற்கு வழி தேடாதீர்கள். மெட்ரோ ரயில் வரைபடத்தை முதலில் திறந்து வைத்துக்கொள்ளுங்கள். ஒரு நாளைக்கு ஒரு லைன். அந்த லைனில் என்ன இருக்கிறதோ அதுதான் அன்றைய தினம். லைனில் இல்லாததை இந்தத் தடவை விட்டுவிடுங்கள்.

ஏன் இவ்வளவு கறாராகச் சொல்கிறேன் என்றால், ஊரின் அளவு அப்படி. லாஸ் ஏஞ்சல்ஸ் மாநகர எல்லை மட்டும் சுமார் 1,200 சதுர கிலோமீட்டர். சென்னை மாநகராட்சி 426 சதுர கிலோமீட்டர்தான். கிட்டத்தட்ட மூன்று சென்னை அளவு நிலத்தில், சென்னையைவிடக் குறைவான ஜனம், 39 லட்சம் பேர், பரவி இருக்கிறார்கள். இது மாநகரம் மட்டும். நாம் பொதுவாக லாஸ் ஏஞ்சல்ஸ் என்று நினைக்கிற சாந்தா மோனிகா, பாசடீனா எல்லாம் தனித்தனி நகரங்கள். லாஸ் ஏஞ்சல்ஸ் கவுன்ட்டிக்குள் (நம்மூர் மாவட்டம் மாதிரி) அப்படி மொத்தம் 88 நகரங்கள் இருக்கின்றன. காலையில் சாந்தா மோனிகா கடற்கரை, மதியம் ஹாலிவுட், மாலையில் கெட்டி மியூசியம் என்று இணையத்தில் கிடைக்கும் பயணத் திட்டங்கள் ஊரைக் குறுக்கும் நெடுக்கும் கிழிக்கின்றன. கார் வைத்திருப்பவர்களுக்கே அது பாதி நாளை 405 ஃப்ரீவேயில் தின்றுவிடும்.

எங்கே தங்குவது என்பதில்தான் பயணத்தின் பாதி இருக்கிறது. டவுன்டவுனில் செவன்த் ஸ்ட்ரீட்/மெட்ரோ சென்டர் என்று ஒரு ஸ்டேஷன். ஏ, பி, டி, ஈ என்று நான்கு லைன்களும் அங்கே வருகின்றன. அங்கிருந்து ஐந்து நிமிட நடையில் ஓட்டல் கிடைத்தால் எங்கே போவதற்கும் பெரும்பாலும் ஒரே ரயில்தான், மாறி ஏறும் வேலை இல்லை. அம்மாவோடு வரும்போது அது பெரிய விஷயம். டவுன்டவுனில் மெயின் தெருவுக்குக் கிழக்கே, மூன்றாவது தெருவுக்கும் ஏழாவது தெருவுக்கும் நடுவில் விலை குறைவாக ஓட்டல் தென்பட்டால் மட்டும் எடுக்காதீர்கள். அது ஸ்கிட் ரோ. வீடில்லாத ஆயிரக்கணக்கான பேர் தெருவிலேயே வாழும் பகுதி. இருட்டிய பிறகு அங்கே நடந்து ஓட்டலுக்குப் போவது கஷ்டம்.

டவுன்டவுன் ராத்திரியில் வெறிச்சோடிவிடுகிறது என்று நினைத்தால் கொரியாடவுன் நல்லது. வில்ஷர்/வெர்மான்ட் ஸ்டேஷனில் பி, டி இரண்டு லைன்களும் நிற்கும். ராத்திரி வெகுநேரம் வரை கடைகள் திறந்திருக்கும், தெருவில் ஆள் நடமாட்டம் இருக்கும். சாந்தா மோனிகாவில் தங்கச் சொல்லி நிறையப் பேர் ஆலோசனை சொல்வார்கள். கடல் பக்கத்தில் இருப்பது சுகம்தான். ஆனால் வாடகை அதிகம், மற்ற எல்லாமே ஒரு மணி நேரத்துக்கு அப்பால்.

டிக்கெட் விஷயம் சுலபம். காசு ஏற்றிக்கொண்டு தட்டும் டேப் கார்டு ஒன்று 2 டாலர், ஸ்டேஷன் மெஷினில் கிடைக்கும். ஆளுக்கு ஒரு கார்டு தனியாக வேண்டும். ஒரு பயணம் 1.75 டாலர். முதலில் கார்டைத் தட்டியதிலிருந்து இரண்டு மணி நேரத்துக்கு ஒரே திசையில் ரயிலிலிருந்து பஸ், பஸ்ஸிலிருந்து ரயில் என்று மாறினால் கூடுதல் காசு இல்லை. ஒரு நாளில் 5 டாலரைத் தொட்டுவிட்டால் அன்றைக்கு அதற்கு மேல் பிடிக்காது. ஏழு நாளுக்கு உச்சவரம்பு 18 டாலர். இது நான் எழுதும்போது உள்ள கட்டணம், கிளம்புவதற்கு முன் ஒரு தடவை பார்த்துக்கொள்ளுங்கள். கார் எடுத்திருந்தால் டவுன்டவுன் ஓட்டலில் நிறுத்த மட்டும் ஓர் இரவுக்கு 40, 50 டாலர் கேட்பார்கள். அந்தக் காசை ஊபர், லிஃப்ட் (Lyft) வாடகைக் கார்களுக்கு ஒதுக்கி வையுங்கள். பஸ்ஸுக்காக முக்கால் மணி நேரம் காத்திருக்க நேரும்போதும், அம்மா களைத்துப்போகும்போதும் யோசிக்காமல் கூப்பிடலாம்.

விமான நிலையத்திலிருந்து ஃப்ளைஅவே என்ற பஸ் நேராக டவுன்டவுனில் உள்ள யூனியன் ஸ்டேஷனுக்கு வருகிறது. பெட்டி படுக்கையோடு வருபவர்களுக்கு நான் எப்போதும் இதைத்தான் சொல்வேன். 2025 ஜூனில் விமான நிலையத்துக்குப் பக்கத்திலேயே புதிதாக ஒரு மெட்ரோ ஸ்டேஷன் திறந்தார்கள். டெர்மினலிலிருந்து அங்கே போக இலவச ஷட்டில் பஸ் இருக்கிறது. கே லைனில் ஏறி எக்ஸ்போ/க்ரென்ஷாவில் ஈ லைனுக்கு மாறலாம். டிக்கெட் காசு மிச்சம். ஆனால் பெட்டிகளை ஏற்றி இறக்கும் வேலை அதிகம்.

நாட்களைப் பிரிப்பதற்கு முன் கிழமையைப் பாருங்கள். கெட்டி சென்டர், க்ரிஃபித் அப்சர்வேட்டரி, டவுன்டவுனில் உள்ள ப்ராட் மியூசியம் மூன்றுமே திங்கட்கிழமை மூடியிருக்கும். மூன்றுக்கும் நுழைவுக் கட்டணம் இல்லை, மூன்றுமே ஊரின் ஆகச் சிறந்த இடங்களில் சேர்த்தி. திங்கட்கிழமை வந்தால் அதைக் கடற்கரைக்கு வைத்துவிடுங்கள்.

வந்து இறங்கிய நாள் டவுன்டவுன். ரயிலே தேவையில்லை. ஆனால் எந்தப் பக்கத்திலிருந்து ஆரம்பிப்பது என்பது முக்கியம், ஏனென்றால் நடுவில் பங்கர் ஹில் மேடு இருக்கிறது. கீழே பிராட்வேயில் ஆரம்பியுங்கள். 1893இல் கட்டிய பிராட்பரி பில்டிங்கின் தரைத்தளத்துக்குள் யாரும் போய்ப் பார்க்கலாம். வெளியிலிருந்து பார்த்தால் சாதாரணமான செங்கல் கட்டடம். உள்ளே போய் அண்ணாந்து பார்த்தால் கண்ணாடிக் கூரையிலிருந்து வெளிச்சம் கொட்டும், சுற்றிலும் இரும்பு வேலைப்பாட்டுக் கைப்பிடிகள், கூண்டு மாதிரி பழைய லிஃப்ட்டுகள். எதிரிலேயே 1917இலிருந்து இருக்கும் கிராண்ட் சென்ட்ரல் மார்க்கெட். அங்கே சாப்பிட்டுவிட்டு பின்வாசல் வழியாக ஹில் தெருவுக்கு வந்தால் ஏஞ்சல்ஸ் ஃப்ளைட். 1901இல் தொடங்கிய குட்டி மலை ரயில், மேட்டில் ஏற்றிவிட்டுவிடும். மூட்டு வலி உள்ளவர்களுக்கு இது வேடிக்கை மட்டுமல்ல, உபகாரமும்கூட. மேலே போனபின் ப்ராட் மியூசியமும் டிஸ்னி கான்சர்ட் ஹாலும் சமதளத்தில் கொஞ்ச தூர நடைதான். பக்கத்திலேயே 2023இல் திறந்த கிராண்ட் அவென்யூ ஆர்ட்ஸ்/பங்கர் ஹில் ஸ்டேஷன் இருப்பதால் திரும்பும்போது இறங்கி நடக்கவும் வேண்டாம், லிஃப்ட்டில் நேராக நடைமேடைக்குப் போய்விடலாம்.

அடுத்த நாள் பி லைன். ஹாலிவுட்டில் எதிர்பார்ப்பைக் கொஞ்சம் குறைத்துக்கொண்டு இறங்குங்கள். ஹாலிவுட்/ஹைலண்ட் ஸ்டேஷனை விட்டு வெளியே வந்தால் நடைபாதையில் நட்சத்திரங்கள், 1927இல் திறந்த சைனீஸ் தியேட்டர் வாசலில் சிமென்ட்டில் பதிந்த கைத்தடங்கள், பக்கத்து மாலின் மேல்மாடத்திலிருந்து தூரத்தில் ஹாலிவுட் போர்டு. கூட்டமும் இரைச்சலுமாக இருக்கும். ஒரு மணி நேரம் போதும். என்னைக் கேட்டால் அந்தத் தெருவைவிட அதற்கு அடியில் உள்ள ஹாலிவுட்/வைன் ஸ்டேஷன்தான் அழகு. கூரை முழுக்கப் பழைய ஃபிலிம் ரீல்களாகப் பதித்திருக்கிறார்கள். அடுத்த ரயில் வரும்வரை அதை நின்று பார்க்கலாம், டேப் கார்டு தவிர வேறு செலவில்லை. ஹைலண்டுக்கு அடுத்த ஸ்டேஷன் யூனிவர்சல் சிட்டி. யூனிவர்சல் ஸ்டுடியோஸ் ஆசை இருந்தால் அங்கிருந்து மேலே போக இலவச ஷட்டில் உண்டு. ஆனால் அதற்கு ஒரு முழு நாள் கொடுக்க வேண்டும், அன்றைக்கு வேறு எதையும் சேர்க்காதீர்கள்.

ஸ்டுடியோ வேண்டாம் என்றால் அதே பி லைனில் திரும்பி வந்து வெர்மான்ட்/சன்செட்டில் இறங்குங்கள். அங்கிருந்து டாஷ் என்ற சின்ன பஸ் க்ரிஃபித் அப்சர்வேட்டரிக்கு மலை ஏறுகிறது. இந்த ஒரு இடத்துக்காகவே லாஸ் ஏஞ்சல்ஸ் வரலாம் என்பேன். கார்க்காரர்கள் நிறுத்த இடம் தேடி மலைச்சாலையில் சுற்றிக்கொண்டிருக்கும்போது நீங்கள் வாசலிலேயே இறங்குவீர்கள். சூரியன் மறைவதற்கு ஒன்றரை மணி நேரம் முன்னால் போய்ச் சேர்ந்துவிடுங்கள். உள்ளே நுழைந்ததும் வட்டக் குழிக்குள், பூமி சுழல்வதைக் காட்டும் ஃபூக்கோ ஊசல் மெதுவாக ஆடிக்கொண்டிருக்கும். ஓரத்தில் நிற்க வைத்த குச்சிகளில் ஒன்றை அது தட்டிவிடும் வரை கைப்பிடியில் சாய்ந்துகொண்டு குழந்தைகளும் பெரியவர்களும் மூச்சைப் பிடித்துக் காத்திருப்பார்கள். நானும் ஒவ்வொரு தடவையும் காத்திருக்கிறேன். பிறகு மேல்தளத்துக்குப் போனால் கீழே ஊர் முழுக்க நேர்க்கோடுகளாக விளக்கு ஏறத் தொடங்கும். ஊர் எவ்வளவு பரந்தது என்பதும், ஒரு நாளைக்கு ஒரு லைன் என்று நான் ஏன் சொன்னேன் என்பதும் அங்கே நின்றால் புரிந்துவிடும். வானம் தெளிவாக இருந்தால் பெரிய தொலைநோக்கியில் எல்லோரையும் இலவசமாகப் பார்க்க விடுகிறார்கள். அஸ்தமனம் முடிந்த கையோடு எல்லோரும் பஸ்ஸுக்கு ஓடுவார்கள், வரிசை நீளும். ஒன்று, ஐந்து பத்து நிமிடம் முன்னாலேயே இறங்கிவிடுங்கள். இல்லையென்றால் தொலைநோக்கியையும் பார்த்துவிட்டு நிதானமாகக் கடைசிப் பஸ்களில் ஒன்றைப் பிடியுங்கள். கடைசிப் பஸ் நேரத்தை ஏறும்போதே டிரைவரிடம் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

மூன்றாவது நாள் ஈ லைனில் மேற்கே. காலையில் கெட்டி, மாலையில் கடல். எக்ஸ்போ/செபல்வடா ஸ்டேஷனில் இறங்கி 761ஆம் நம்பர் பஸ் பிடித்தால் கெட்டி வாசலில் விடும். டவுன்டவுனிலிருந்து எல்லாம் சேர்த்து ஒன்றேகால், ஒன்றரை மணி நேரம் வைத்துக்கொள்ளுங்கள். அனுமதி இலவசம், ஆனால் நேரம் குறித்து இணையத்தில் முன்பதிவு செய்ய வேண்டும். வாசலிலிருந்து மலை உச்சிக்கு அவர்களுடைய டிராம் ஏற்றிச் செல்லும். சக்கர நாற்காலியும் காசு வாங்காமல் தருகிறார்கள், அம்மா வேண்டாம் என்றாலும் எடுத்து வையுங்கள். உள்ளே வான்கோ 1889இல் வரைந்த ஐரிஸ் பூக்கள் ஓவியம் இருக்கிறது. தோட்டமும் அங்கிருந்து தெரியும் கடலும் அந்த ஓவியத்துக்குச் சமமாக நேரம் கேட்கும்.

மதியத்துக்கு மேல் அதே 761 பஸ்ஸில் ஸ்டேஷனுக்குத் திரும்பி, அதே ஈ லைனில் தொடர்ந்து போனால் கால் மணி நேரத்துக்குள் சாந்தா மோனிகா. கடைசி ஸ்டேஷனிலிருந்து கடல் பாலத்துக்குக் கொஞ்ச நேர நடை. கடற்கரையை மாலைக்கு வைத்ததற்கு இன்னொரு காரணமும் உண்டு. மே, ஜூன் மாதங்களில் கடலோரம் காலை முழுக்க மேகம் மூடிக்கிடக்கும், மதியம்தான் வெயில் வரும். வெனிஸ் பீச் வரை சுமார் நான்கு கிலோமீட்டர் கடலோரப் பாதை அருமையாக இருக்கும். அம்மாவோடு என்றால் ஒரு வழி ஊபரில் போய்விடுங்கள்.

நான்காவது நாளை நிரப்பாமல் விடுங்கள் என்பதுதான் என் எண்ணம். ஏதாவது வேண்டும் என்றால் ஈ லைனிலேயே எக்ஸ்போ பார்க்/யூஎஸ்சி ஸ்டேஷன் வாசலில் ரோஜாத் தோட்டமும் இயற்கை வரலாற்று மியூசியமும் இருக்கின்றன.

நம்மவர்கள் தவறாமல் கேட்கும் மூன்று இடங்கள். மாலிபு வெங்கடேஸ்வரர் கோவில் கலபாசஸ் பக்கம் மலைகளுக்கு நடுவில் இருக்கிறது, பஸ்ஸோ ரயிலோ வாசல் வரை போகாது. அம்மா ஆசைப்பட்டால் அங்கே காரோடு இருக்கும் தெரிந்தவர் யாரையாவது கேளுங்கள். போவதற்கு ஊபர் கிடைக்கும், திரும்பி வரக் கிடைக்குமா என்பதில் எனக்கு நம்பிக்கை இல்லை. இந்தியக் கடைகள் நிறைந்த ஆர்ட்டீசியா ரயில் போகாத இடம், போய்வர அரை நாள் ஆகும். டிஸ்னிலேண்ட் வேறு கவுன்ட்டியிலேயே இருக்கிறது. மூன்றையும் நான்கு நாளில் நான் சேர்க்க மாட்டேன்.

பாதுகாப்பைப் பற்றி மறைக்காமல் சொல்கிறேன். பி லைனில் மனநலம் குன்றியவர்களும் போதையில் இருப்பவர்களும் ஏறுவார்கள். சிலர் சத்தமாகத் தனக்குத்தானே பேசுவார்கள். புதிதாக வரும் அம்மாவுக்கு அது திக்கென்று இருக்கும், முன்கூட்டியே சொல்லி வையுங்கள். டிரைவர் இருக்கும் முதல் பெட்டியில் உட்காருங்கள், சங்கடமாக இருந்தால் அடுத்த ஸ்டேஷனில் இறங்கி அடுத்த ரயிலில் ஏறுங்கள். ராத்திரி பத்து மணிக்கு மேல் வயதானவர்களோடு நான் ஊபரில்தான் திரும்புவேன். அப்புறம், பெரும்பாலான ஸ்டேஷன்களில் டாய்லெட் கிடையாது. மியூசியத்தையோ ஷாப்பிங் மாலையோ விட்டுக் கிளம்பும்போதே போய்விட்டு வந்துவிடுங்கள்.

ஊருக்குத் திரும்பும் நாளில் யூனியன் ஸ்டேஷனுக்குக் கொஞ்சம் முன்னாலேயே வந்துவிடுங்கள். 1939இல் கட்டிய ஸ்டேஷன், காத்திருப்புக் கூடத்து மர நாற்காலிகளும் கூரையும் பார்க்க வேண்டியவை. ஃப்ளைஅவே பஸ் ஃப்ரீவேயில்தான் போகிறது, எனவே மாலை நெரிசலில் அதுவும் மாட்டும். மூன்று மணியிலிருந்து ஏழு மணிக்குள் பஸ் ஏறுவதாக இருந்தால் பயணத்துக்கு மட்டும் ஒன்றரை மணி நேரம் ஒதுக்குங்கள்.