ஜிகினா மங்கிய படகு

கேள்வி: 1970களில் கட்டப்பட்ட 15 அடி ஃபைபர் கிளாஸ் வேகப்படகு ஒன்றை மலிவாக வாங்கினேன். மேல்தளம் முழுவதும் பச்சை நிற மெட்டல் ஃபிளேக் மினுக்கு. இப்போது சுண்ணாம்பு அடித்தாற்போல் வெளுத்துக் கிடக்கிறது. தேய்த்துவிட்டு கிளியர் கோட் (நிறமற்ற மேல்பூச்சு) அடித்தால் போதும் என்கிறார் கார் பட்டறைக்காரர். செய்யலாமா?
- வாசகர், ஆஸ்டின், டெக்சஸ்

பதில்: கிளியர் கோட் அடிப்பதை அவரிடம் விடலாம், தேய்ப்பதை விடாதீர்கள். காருக்குப் பெயின்ட் கடைசி வேலை. உங்கள் படகுக்கோ அதுவே முதல் வேலை. படகை வார்க்கும் அச்சின் உட்புறத்தில் முதலில் நிறமற்ற ஜெல்கோட்டை, அதாவது படகின் வெளிப்பரப்பாக இறுகும் பிசின் பூச்சைப் பீய்ச்சி, அதன்மேல் ஜிகினாத் துகள் கலந்த ஜெல்கோட்டையும் பின்னணி நிறத்தையும் அடித்த பிறகே கண்ணாடியிழையைப் பதித்திருப்பார்கள். (கிளாஸ்ட்ரான் படகு நிறுவனம் 1956இல் தொடங்கப்பட்டது உங்கள் ஆஸ்டினில்தான் என்பதால், இவ்வேலை தெரிந்த பழைய கைகள் அக்கம்பக்கத்தில் இருக்கக்கூடும், விசாரியுங்கள்.) ஒவ்வொரு துகளும் அலுமினியம் படிய வைத்த பாலியெஸ்டர் தாளின் பொடித்துண்டு, பச்சை நிறம் அதன்மேல் மெல்லிய பூச்சாக மட்டுமே இருக்கிறது. உப்புத்தாள் அதைத் தொட்டால் நிறம் போய் வெள்ளி பல்லிளிக்கும்.

ஆகவே, முதலில் ஈரத்துணியால் ஓரிடத்தைத் துடைத்துப் பாருங்கள். நனைந்திருக்கும்வரை பச்சை பளிச்சிட்டு, காய்ந்ததும் மறுபடி வெளுத்தால், வெயிலில் கெட்டிருப்பது மேலடுக்கு மட்டுமே. அடுத்து உள்ளங்கையால் தடவுங்கள். சொரசொரவென்று உறுத்தினால் துகள்களின் விளிம்பு வெளியே வந்துவிட்டது என்று பொருள்.

வழவழப்பாக இருந்தால் உங்களுக்கு யோகம். பழைய மெழுகை நன்றாகக் கழுவி எடுத்தபின், 1000, 1500, 2000 எண் வாட்டர் பேப்பர்களால், சோப்புக் கலந்த நீர் விட்டுக் கையாலேயே தேயுங்கள். வழியும் நீர் பால்போல் வெண்மையாக இருக்கும்வரை கவலையில்லை. அதில் ஒரு மினுக்கு தெரிந்தாலும் அவ்விடத்தில் நிறுத்திவிடுங்கள். மூலைகளிலும் விளிம்புகளிலும் மேலடுக்கு மெல்லியது என்பதால் அங்கே கை தாராளமாகப் போகக்கூடாது. பிறகு ரப்பிங் கம்பவுண்ட், பாலிஷ், மெழுகு.

உறுத்துகிற இடங்களில் பாலிஷ் பயன்படாது. துகள்களை வெட்டாதபடி நைலான் உரசுதுணியால் இலேசாகச் சொரசொரப்பாக்கி, டூ-பேக் (கெட்டிப்படுத்தி கலந்து அடிக்கும்) பாலியூரித்தேன் கிளியரை இரண்டு மூன்று கோட் அடித்துக் காயவிட்டு, 600 எண் தாளால் சமன்செய்து மீண்டும் அடிக்க வேண்டும். துகள்கள் புதைந்து மறையுமளவு கனம் சேர்ந்தபிறகே உப்புத்தாளைக் கையில் எடுக்கலாம். நிறமற்ற ஜெல்கோட்டும் ஒரு வழிதான். ஆனால் காற்றுப்படும் பரப்பில் அது பிசுபிசுப்பாகவே நிற்கும், மெழுகுக் கரைசல் கலந்தாக வேண்டும் என்பதால் புதிதாகக் கைவைப்பவருக்கு நான் பரிந்துரைப்பதில்லை.

நிறமே போய்விட்ட இடத்துக்குப் புதிய துகளைக் கிளியரில் கலந்து அடிப்பது தவிர வழியில்லை. துகள் அடியில் படிந்துகொண்டே இருக்கும், கலக்கிக்கொண்டே அடிக்க வேண்டும். ஒட்டுப்போட்ட இடம் கண்ணில் படாமலிராது. அதனால் திட்டாக அடிக்காமல், தளத்தில் ஓடும் பட்டைக்கோடு வரை முழுதாக அடிக்கச் சொல்லுங்கள். டூ-பேக் கிளியரில் நுரையீரலைக் கெடுக்கும் ஐசோசயனேட் என்ற வேதிப்பொருள் இருக்கிறது. வெளிக்காற்று செலுத்தும் முகமூடி இல்லாமல் வீட்டுக் கராஜில் அடிக்கத் துணியாதீர்கள். பட்டறைக்காரரை அழைக்க வேண்டிய கட்டம் அதுதான்.