சாமியும் பண்ணையாரா?

அன்புள்ள ஐயா,

நாங்கள் நான்கு தலைமுறையாகத் தென்னிந்தியத் திருச்சபையில் இருக்கும் குடும்பம். போன மாதம் அப்பமும் ரசமும் வாங்கும் நற்கருணை ஞாயிறு அன்று என் மகள் ஜெபத்தின் பாதியில் முழங்காலிலிருந்து எழுந்து பெஞ்சில் உட்கார்ந்துவிட்டாள். மேசையிலிருந்து விழும் துணிக்கைகளைப் பொறுக்கவும் நாங்கள் பாத்திரர் அல்ல என்று வருமே, அந்த இடம். வெளியே வந்ததும் கேட்டேன். "தாத்தா பண்ணையார் வீட்டு வாசலில் துண்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு நின்றார்னு நீதானேம்மா சொன்னே? அதுலேர்ந்து தப்பிக்கத்தானே நம்ம ஆட்கள் கோயிலுக்கு வந்தாங்க? இங்கேயும் அதையே சொல்லச் சொன்னா, சாமியும் ஒரு பண்ணையாரா?" என்றாள். எனக்கு வாயடைத்துப் போயிற்று. தாழ்மை இல்லாமல் ஜெபம் உண்டா? அவளுக்கு நான் என்ன சொல்லட்டும்?

பெயர் வேண்டாம் என்று கேட்டுக்கொண்ட ஒரு வாசகி

அன்புள்ள சகோதரிக்கு,

நாற்பது வருடமாக நான் அந்த ஜெபத்தைக் காதில் வாங்காமலே சொல்லியிருக்கிறேன். உங்கள் மகள் காதில் வாங்கியிருக்கிறாள். அந்தக் கோபத்தை அவசரப்பட்டு அணைத்துவிடாதீர்கள்.

அந்த ஜெபம் 1548-இல் இங்கிலாந்தில் வந்தது. எழுதியவர் பேராயர் தாமஸ் கிரான்மர் என்று சொல்வார்கள். ஆங்கிலிக்கன் மிஷன்கள் அதை இங்கே கொண்டுவந்தன. 1947-இல் தென்னிந்தியத் திருச்சபை உருவான பிறகு அதன் வழிபாட்டிலும் இடம்பிடித்தது. துணிக்கை என்ற சொல் கிரான்மருடையது அல்ல. வேதாகமத்தில் மாற்கு ஏழாம் அதிகாரத்தில் வரும் சீரோபேனிக்கியப் பெண்ணுடையது.

அந்த இடத்தை இன்றிரவு மகளும் நீங்களுமாகச் சேர்ந்து வாசியுங்கள். இயேசு தீரு பட்டணத்துப் பக்கம் யாருக்கும் தெரியாமல் ஒரு வீட்டில் தங்கியிருக்கிறார். பிசாசு பிடித்த தன் மகளுக்காக அந்தப் பெண் வந்து காலில் விழுகிறாள். வேற்று இனத்துக்காரி. பிள்ளைகளின் அப்பத்தை எடுத்து நாய்க்குட்டிகளுக்குப் போடுவது நல்லதல்ல என்கிறார் அவர். எத்தனை பிரசங்கம் கேட்டும் அந்த வாக்கியம் எனக்கு இன்னும் தொண்டையில் சிக்குகிறது. அவள் எழுந்து போகவில்லை. 'மெய்தான் ஆண்டவரே' என்று ஒப்புக்கொள்வதுபோல ஆரம்பித்து, மேசையின்கீழ் இருக்கும் நாய்க்குட்டிகளும் பிள்ளைகள் சிந்தும் துணிக்கைகளைத் தின்னுமே என்கிறாள். மறுபேச்சு! நீ சொன்ன இந்த வார்த்தையினிமித்தம் போகலாம் என்று அவர் அனுப்பிவைக்கிறார். மாற்கு எழுதியிருக்கிறபடி, அவளுக்கு வாங்கிக் கொடுத்தது அந்த வார்த்தைதான்.

துணிக்கைக்குத் தனக்குத் தகுதியில்லை என்று அவள் எங்கேயாவது சொல்கிறாளா? துணிக்கை என் பங்கு, அதைக் கொடும் என்றுதான் கேட்கிறாள். நம்முடைய ஜெபம் அவளுடைய சொல்லை எடுத்துக்கொண்டு வழக்கை விட்டுவிட்டது. அடுத்த வரியிலேயே, நீர் எப்போதும் இரக்கம் செய்கிறவர் என்று திரும்புகிறது, உண்மைதான். ஆனாலும் பெஞ்சில் ஏறி உட்கார்ந்த உங்கள் மகள், முழங்காலில் நின்ற நம்மைவிட அந்தப் பெண்ணுக்குக் கொஞ்சம் பக்கத்தில் இருக்கிறாள் என்று தோன்றுகிறது. ஆபிரகாமும் இப்படித்தான். 'தூளும் சாம்பலுமாயிருக்கிற அடியேன்' என்று தொடங்கியவர் கடவுள் அழிக்கவிருந்த சோதோம் ஊருக்காக அவரிடமே ஐம்பது நீதிமான்களிலிருந்து பேரம் பேசிப் பத்துக்குக் கொண்டுவந்தார். பண்ணையார் வீட்டு வாசலில் அப்படி ஒரு பேரம் நடக்குமா?

இனி ஆயக்காரன். தாழ்மை என்றாலே லூக்கா பதினெட்டில் வரும் அவனைத்தான் காட்டுவார்கள். கண்ணை ஏறெடுக்கத் துணியாமல், மார்பில் அடித்துக்கொண்டு, 'பாவியாகிய என்மேல் கிருபையாயிரும்' என்றவன். அவன் யார் என்பதைப் பிரசங்கத்தில் சீக்கிரம் கடந்துவிடுகிறார்கள். ரோமருக்காகச் சொந்த ஜனத்திடம் வரி பிடுங்கி, அதற்குமேல் தனக்கும் சுருட்டிக்கொள்கிற கூட்டம் அது. நம் ஊர்க் கணக்கில் அவன் வாசலில் துண்டோடு நின்றவன் இல்லை; உள்ளே நோட்டு வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்த கணக்குப்பிள்ளை. அந்த வார்த்தையை இயேசு அவன் வாயில்தான் வைத்தார். அந்தத் தாத்தாவைக் குனியச் சொல்ல அதை எடுக்கிறவர்கள் ஆள் மாற்றிப் பிடித்திருக்கிறார்கள்.

அதே உவமையில் ஆயக்காரனோடு ஜெபிக்க வந்த பரிசேயன், வேத விதிகளைக் கறாராகக் கைக்கொள்கிறவன், பொய் சொல்லவில்லை என்பதையும் கவனியுங்கள். வாரம் இரண்டு உபவாசம், எல்லா வருமானத்திலும் தசமபாகம். நம் சபையில் இருந்தால் சேகரக் கமிட்டிக்குப் போட்டியில்லாமல் தேர்வாகியிருப்பார். 'இந்த ஆயக்காரனைப்போலவும் இராததனால்' என்ற இடத்தில்தான் கெட்டுப்போகிறது. கடவுளிடம் பேசும்போதே ஒரு கண் பக்கத்து ஆள்மேல் இருக்கிறது. எனக்கு இதில் வீட்டுப் பயிற்சி உண்டு. என் பெரியம்மா குடும்ப ஜெபத்தில் கண்ணை மூடிக்கொண்டு, "அப்பா பிதாவே, இந்த வீட்டுக்கு வந்திருக்கிற மருமகளுக்கு விடியற்காலமே எழும்புகிற கிருபையைத் தாரும்" என்பார். கண்ணீரும் வரும். தாழ்மைக்கு எந்தக் குறையும் இருக்காது. மதினி ஒரு வாரம் பேசமாட்டாள்.

கிரான்மரின் ஜெபமும் துணிக்கைக்கு வருமுன், எங்கள் சொந்த நீதியை நம்பி இந்த மேசைக்கு வரத் துணியவில்லை என்றுதான் தொடங்குகிறது. பரிசேயன் உவமையை, தங்களை நீதிமான்கள் என்று நம்பி மற்றவர்களை அற்பமாய் எண்ணிய சிலருக்காகச் சொன்னதாக லூக்கா முன்னுரை தருகிறார். அதே நம்பிக்கை, அதே நீதி. எல்லாரும் ஒரே தரையில் முழங்காலிட்டு ஒரே குரலில் சொன்னால், மேலே பார்த்துச் சொல்லும்போதே பக்கத்தில் பார்க்கும் கண்ணைத் திருப்பிவிடும் ஜெபம் அது.

சொன்னார்களா? இங்கேதான் உங்கள் மகளிடம் எனக்கு வாதம் இல்லை. சாதி வித்தியாசத்தை உடனே அடியோடு விட்டுவிட வேண்டும் என்று கல்கத்தா பேராயர் டேனியல் வில்சன் 1833-இல் சபைகளுக்குச் சுற்றறிக்கை அனுப்பினார். அப்படி அனுப்ப வேண்டியிருந்ததற்குக் காரணம், பொறுக்கவும் பாத்திரர் அல்ல என்று அறிக்கையிட்ட அதே வாய்கள் நற்கருணைப் பாத்திரத்தில் யார் முதலில் குடிப்பது என்று சண்டையிட்டதுதான். வேப்பேரியிலும் தஞ்சாவூரிலும் பலர் சாதியை விடாமல் சபையை விட்டுப் போனார்கள். கத்தோலிக்கர் பக்கமும் இதே கதை. திருநெல்வேலிப் பக்கம் வடக்கன்குளத்தில் ஒரே பீடத்திலிருந்து இரண்டு கால் விரித்ததுபோல, சாதி பிரித்து உட்கார இரண்டு கூடங்கள் வைத்துக் கோயில் கட்டினார்கள். நடுவில் இருந்த தடுப்பை 1910-இல் உடைத்தபோது விவகாரம் நீதிமன்றம்வரை போயிற்று. கல்லறைத் தோட்டத்தில் சுவர் இருக்கும் ஊர்கள் இன்றும் உண்டு. இவர்கள் எல்லாரும் கடவுளுக்கு முன் தங்களைப் புழு என்று சொல்லிக்கொள்ளத் தயங்காதவர்கள். புழுவுக்குள்ளும் தரம் பார்த்தார்கள்.

ஆகவே தாழ்மை இல்லாமல் ஜெபம் உண்டா என்று கேட்டால், இல்லை என்றுதான் நானும் சொல்வேன். அந்தத் தாத்தாவிடம் பண்ணையார் வாங்கியதற்குப் பெயர் வேறு. தாத்தா அதைக் கொடுக்கவில்லை, அவரிடமிருந்து பறித்தார்கள். இரண்டுக்கும் ஒரே உடம்பு அசைவு என்பதால் மகளுக்கு வித்தியாசம் தெரியவில்லை. அதைத் தெரியவைக்கிற மாதிரி நாமும் நடந்துகொள்ளவில்லை.

அடுத்த நற்கருணைக்கு அவளைக் கட்டாயப்படுத்தாதீர்கள். வந்தால் பெஞ்சிலேயே இருக்கட்டும். உபதேசியார் ஏதாவது கேட்டால், நிசேயா விசுவாசப் பிரமாணம் சொல்கிறோமே, அந்தப் பெயருக்குக் காரணமான, பேராயர்கள் கூடிய சங்கம் 325-இல் போட்ட இருபதாம் விதி ஞாயிற்றுக்கிழமையில் முழங்காலிடக் கூடாது என்கிறது என்று சொல்லிவிடுங்கள். விதி நிற்கத்தான் சொல்கிறது, உட்காரச் சொல்லவில்லை. அதை அவர் தேடிக் கண்டுபிடிப்பதற்குள் இரண்டு மூன்று நற்கருணை கடந்துவிடும்.