ஆறு மாதக் குழந்தைக்கு வேர்க்கடலை கொடுக்கலாமா?

கேள்வி: என் மகளுக்கு ஆறரை மாதம் ஆகிறது; பருப்புச் சாதமும் கேழ்வரகுக் கூழும் விரும்பிச் சாப்பிடுகிறாள். கடலை பித்தம் என்பதால் மூன்று வயது வரை கண்ணில் காட்டக்கூடாது என்கிறார் என் மாமியார். மதுரையில் இருக்கும் என் அக்காவோ இப்போதே கொடுக்கச் சொல்கிறார். யார் சொல்வதைக் கேட்பது?

– ஒரு வாசகி, தேவகோட்டை

பதில்: முழுக் கடலை, முந்திரி, பாதாம் எதையும் ஐந்து வயது வரை கொடுக்க வேண்டாம் என்பதால் அப்பத்தாவின் பயத்தில் நியாயம் உண்டு. ஆனால் காரணம் பித்தம் அன்று. முழுதாகக் கொடுத்தால் மூச்சுக்குழாயில் சிக்கிக்கொள்ளும் என்பதுதான். ஒவ்வாமை வேறு விஷயம். அதற்கு அஞ்சி, மூன்று வயது வரை காத்திருக்குமாறு மருத்துவர்களும் ஒரு காலத்தில் சொன்னார்கள். லண்டனில் நடந்து 2015-இல் வெளியான ஆய்வு அதைப் புரட்டிப்போட்டது: ஒவ்வாமை வர வாய்ப்பு மிகுந்த 640 குழந்தைகளில், கடலையைத் தவிர்த்தவர்களுள் ஐந்து வயதில் ஏறத்தாழ 17 விழுக்காட்டினருக்கும், பதினொரு மாதத்துக்குள் தொடங்கித் தொடர்ந்து சாப்பிட்டவர்களுள் 3 விழுக்காட்டினருக்கும் கடலை ஒவ்வாமை இருந்தது.

ஆகவே இப்போதே தொடங்கலாம். ஆனால் குழந்தைக்குக் கடுமையான கரப்பானோ (எக்ஸிமா என்னும் தோல் அழற்சி) முட்டை ஒவ்வாமையோ இருந்தால், முதலில் குழந்தை மருத்துவரைப் பாருங்கள்.

கடலையைச் சிவக்க வறுத்துத் தோல் நீக்கி, உப்பும் காரமும் சேர்க்காமல் மிக்ஸியில் விழுதாக அரைத்து, வெந்நீர் விட்டுத் தளர்த்திக் கூழில் கலக்குங்கள். கெட்டியான விழுது தொண்டையில் ஒட்டிக்கொள்ளும். பூஞ்சை பிடித்த கடலையில் நச்சு இருக்கும் என்பதால், அரைக்கும் முன் பொறுக்கி எடுத்துவிடுங்கள். குழந்தை நலமாக இருக்கும் நாளில், இரவில் அல்லாமல் காலையில், கரண்டி நுனியளவு கொடுத்துப் பத்து நிமிடம் பொறுத்து மீதியைக் கொடுங்கள். இரண்டு மணி நேரம் யாராவது உடன் இருங்கள். ஒத்துக்கொண்டால் வாரம் இரண்டு மூன்று முறை தொடருங்கள், ஏனெனில் ஒருமுறை கொடுத்து நிறுத்திவிடுவதால் பயன் இல்லை. முந்திரி, பாதாம் ஆகியவற்றைச் சில நாள் இடைவெளியில் தனித்தனியாகத் தொடங்குங்கள். (நம் பக்கத்து வீடுகளில் உரைகல்லில் பாதாமை இழைத்து நாக்கில் தடவுவார்கள், அந்தத் துளியை இக்கணக்கில் சேர்க்க வேண்டாம்.)

உடலில் தடிப்பு, உதட்டு வீக்கம், வாந்தி தென்பட்டால் நிறுத்திவிட்டு மருத்துவரிடம் காட்டுங்கள். மூச்சு இளைத்தாலோ, குழந்தை வெளிறித் துவண்டாலோ, கைவைத்தியம் பார்க்காமல் உடனே 108-ஐ அழையுங்கள்.