அமெரிக்காவில் இன்டர்னல் மெடிசின் முடித்தவர் அடிக்‌ஷன் மெடிசினில் போர்டு சான்று பெறுவது எப்படி?

கேள்வி: இந்தியாவில் எம்பிபிஎஸ், அமெரிக்காவில் இன்டர்னல் மெடிசின் ரெசிடென்சி முடித்து ஹாஸ்பிடலிஸ்டாக (மருத்துவமனையில் சேர்ந்திருப்பவர்களை மட்டும் பார்க்கும் மருத்துவராக) வேலை பார்க்கிறேன். குடியாலும் ஃபென்டனில் என்ற அபின் வகை (ஓப்பியாய்டு) போதைமருந்தாலும் வார்டுக்கு வருகிறவர்களைத் தினமும் பார்க்கிறேன். ஃபெலோஷிப் (ரெசிடென்சிக்குப் பின் வரும் கூடுதல் பயிற்சி) போகாமல் அடிக்‌ஷன் மெடிசினில் (போதை நோய்ச் சிகிச்சைத் துறையில்) போர்டு சான்று வாங்க முடியுமா? என்னென்ன செய்ய வேண்டும்?

பதில்:

சான்று இல்லாமலே இன்றைக்கு உங்களால் என்ன செய்ய முடியும் என்பதிலிருந்து தொடங்குகிறேன், ஏனென்றால் நிறையப் பேர் இதில்தான் குழம்புகிறார்கள். ஓப்பியாய்டு போதை நோய்க்கான மருந்தான புப்ரெனார்ஃபினை எழுத இந்தப் போர்டு சான்று தேவையே இல்லை. 2000-இல் வந்த சட்டப்படி அதற்குத் தனி அனுமதி வாங்க வேண்டியிருந்தது. 8 மணி நேரப் பயிற்சி, நோயாளிகள் எண்ணிக்கைக்கு 30, 100, 275 என்று படிப்படியான உச்சவரம்பு. 2022 டிசம்பர் 29 அன்று கையெழுத்தான சட்டம் அதை ஒரேயடியாக நீக்கிவிட்டது. மூன்றாம் அட்டவணை மருந்துகளை எழுத, போதைமருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான டிஇஏ தரும் பதிவு இருந்தால் போதும். 2023 ஜூன் 27 முதல் டிஇஏ பதிவைப் புதிதாக எடுக்கும்போதோ புதுப்பிக்கும்போதோ போதை நோய் பற்றிய 8 மணி நேரப் பயிற்சியை ஒருமுறை முடித்ததாக உறுதி கூற வேண்டும், அவ்வளவுதான். அடிக்‌ஷன் மெடிசின் போர்டு சான்று இருப்பவர்களுக்கு அதுவும் வேண்டாம்.

அப்படியானால் சான்று எதற்கு? மருத்துவமனையில் அடிக்‌ஷன் கன்சல்ட் சேவையை நடத்த, மெதடோன் (ஓப்பியாய்டு நோய்க்கான இன்னொரு மருந்து) தரும் மையத்துக்குத் தலைமை மருத்துவராக, ஃபெலோக்களுக்குப் பாடம் எடுக்க. இந்த வேலைகளுக்கான விளம்பரங்களில் இதைத்தான் கேட்கிறார்கள். அதைவிட முக்கியமாக, வார்டில் மூன்று நாள் பார்த்து அனுப்பிவிடுகிற நோயை ஐந்து வருடம் கூடவே இருந்து பார்க்கக் கற்றுக்கொள்ள இது ஒரு ஒழுங்கான வழி.

இனி போர்டு. ஏபிஐஎம், அதாவது இன்டர்னல் மெடிசின் போர்டு, இந்தத் தேர்வை நடத்துவதில்லை. நீங்கள் இன்டர்னிஸ்டாக இருந்தாலும் தேர்வை நடத்துவது அமெரிக்கன் போர்டு ஆஃப் பிரிவென்டிவ் மெடிசின், சுருக்கமாக ஏபிபிஎம். 1986-இலேயே போதை நோய் மருத்துவர்களின் சங்கமான ஏசாம் ஒரு தேர்வு நடத்தத் தொடங்கியது. 2007-இல் ஏபாம் என்ற தனிப் போர்டு உருவானது. ஆனால் இரண்டுமே, போர்டுகளுக்கெல்லாம் தலைமை அமைப்பான ஏபிஎம்எஸ் குடையின் கீழ் இல்லாததால், நிறைய மருத்துவமனைகள் அவற்றைப் போர்டு சான்றாக எண்ணவில்லை. 2015 அக்டோபரில் ஏபிஎம்எஸ் இதைத் துணைச் சிறப்புத் துறையாக ஏற்றது, 2016 மார்ச்சில் அறிவித்தது, ஏபிபிஎம் முதல் தேர்வை 2017-இல் நடத்தியது. ஃபேமிலி மெடிசின், குழந்தை மருத்துவம், மயக்கவியல், அறுவை என்று ஏபிஎம்எஸ்ஸின் எந்த உறுப்புப் போர்டின் சான்று வைத்திருப்பவரும் இதே வாசல் வழியாகத்தான் வர வேண்டும். மனநல மருத்துவர்களுக்கு மட்டும் இன்னொரு வழி உண்டு. அடிக்‌ஷன் சைக்கியாட்ரி என்ற தனிச் சான்றை மனநலம், நரம்பியலுக்கான போர்டான ஏபிபிஎன் 1990-களிலிருந்து தருகிறது. அதில் உங்களுக்கு இடமில்லை.

அடிப்படைத் தகுதி மூன்று. ஏபிஎம்எஸ் உறுப்புப் போர்டு ஒன்றின் நடப்புச் சான்று, எந்தக் கட்டுப்பாடும் இல்லாத மருத்துவ லைசென்ஸ், அதன் மேல் ஃபெலோஷிப் அல்லது பணி அனுபவம். முதல் தகுதியில் சிக்குகிறவர்கள் உண்டு. ஏபிஐஎம் தேர்வை எழுதாமல் ‘போர்டு எலிஜிபிள்’ என்ற நிலையில் இருப்பவர் முதலில் அதை முடிக்க வேண்டும். ஆஸ்டியோபதிப் போர்டின் சான்று மட்டும் வைத்திருப்பவர்கள் ஏஓஏ (ஆஸ்டியோபதி மருத்துவர்களின் சங்கம்) தரும் தனிச் சான்றுக்குப் போக வேண்டும். பெங்களூரு நிம்ஹான்ஸிலோ டெல்லி எய்ம்ஸிலோ அடிக்‌ஷன் சைக்கியாட்ரி டிஎம் படித்தவர்கள் எம்டிக்குப் பின் மூன்று வருடம் உழைத்திருப்பார்கள். ஆனால் அந்தப் பட்டம் இங்கே ரெசிடென்சிக்கோ ஃபெலோஷிப்புக்கோ ஈடாகாது. ஐசாம் என்ற உலகச் சங்கத்தின் தேர்வுச் சான்றும் அப்படித்தான்.

உங்கள் கேள்வியின் மையம் ஃபெலோஷிப் இல்லாத வழி. அதற்குப் பெயர் பிராக்டிஸ் பாத்வே. புதிய துறை தொடங்கும்போது ஏற்கெனவே அந்த வேலையைச் செய்துகொண்டிருந்தவர்களைச் சேர்த்துக்கொள்ளத் திறந்த தற்காலிக வாசல் அது. 2021-உடன் மூடுவதாக இருந்து, 2025 வரை நீட்டினார்கள். ஆகவே அதை நம்பித் திட்டம் போடும் முன், விண்ணப்பிக்கப் போகும் ஆண்டுக்கான ஏபிபிஎம் அறிவிப்பில் அந்த வாசல் திறந்திருக்கிறதா என்று பாருங்கள். மூடியிருந்தால் எத்தனை மணி நேரம் சேர்த்து வைத்திருந்தாலும் பயனில்லை, ஃபெலோஷிப்தான் வழி. இந்த வழியில் ஹாஸ்பிடலிஸ்டுகள் தவறிப் போவது கணக்கில்தான் என்பதால் கணக்கை விரிவாகச் சொல்கிறேன்.

விண்ணப்பத்துக்கு முந்தைய ஐந்து வருடத்துக்குள், குறைந்தது 24 மாதங்களில், 1,920 மணி நேரம் அடிக்‌ஷன் மெடிசின் வேலை காட்ட வேண்டும். மாதங்கள் தொடர்ச்சியாக இருக்க வேண்டியதில்லை. அதில் குறைந்தது 480 மணி நேரம் நோயாளியை நேரடியாகப் பார்த்ததாக இருக்க வேண்டும். மீதியில் கற்பித்தல், ஆய்வு, நிர்வாகம் சேரலாம். இதுவரைக்கும் எல்லோருக்கும் தெரியும். பலர் படிக்காமல் விடும் வரி அடுத்தது. பொது மருத்துவத்துக்குள் செய்த போதை நோய்ச் சிகிச்சை அதிகபட்சம் 480 மணி நேரம்தான் கணக்கில் வரும். மீதியெல்லாம் அடிக்‌ஷன் மெடிசினுக்கென்றே ஒதுக்கிய வேலையாக இருக்க வேண்டும்.

உங்கள் வேலையையே வைத்துப் பார்ப்போம். ஏழு நாள் வேலை, ஏழு நாள் ஓய்வு, 12 மணி நேர ஷிஃப்ட் என்றால் வருடத்துக்கு ஏறக்குறைய 182 ஷிஃப்ட், 2,184 மணி நேரம். ‘என் நோயாளிகளில் ஐந்தில் ஒருவருக்குப் போதை நோய்’ என்று 20 சதவீதம் போட்டால் வருடத்துக்கு 437 மணி நேரம் வரும். ஐந்து வருடத்தில் 2,184. கணக்குத் தாண்டிவிட்டது போலத் தோன்றும். ஆனால் அது முழுவதும் பொது வார்டு வேலை, ஆகையால் அதில் 480 மட்டுமே நிற்கும். இன்னும் 1,440 மணி நேரம் வேண்டும். அதை மெதடோன் மையத்திலோ பிரிட்ஜ் கிளினிக்கிலோ (நிலையான சிகிச்சை கிடைக்கும்வரை இடைக்காலத்தில் பார்க்கும் கிளினிக்) அடிக்‌ஷன் கன்சல்ட் குழுவிலோதான் சேர்க்க முடியும். வாரம் ஒரு முழு நாள், 8 மணி நேரம், வருடத்துக்கு 48 வாரம் என்றால் 384 மணி. 1,440 ஆக 45 மாதம் பிடிக்கும். வாரம் அரை நாள் மட்டும் போனால் ஐந்து வருடத்தில் 960-தான், எட்டவே எட்டாது. ஐந்து வருடச் சாளரமும் நகர்ந்துகொண்டே இருக்கிறது. ஒரு வருடம் தள்ளி விண்ணப்பித்தால் பின்னால் ஒரு வருட மணி நேரம் கழன்றுவிடும்.

ஆதாரத்தை அன்றன்றே சேர்த்து வையுங்கள். தேதி, இடம், எந்தக் கிளினிக், எத்தனை மணி நேரம், நேரடிச் சிகிச்சையா கற்பித்தலா நிர்வாகமா என்று ஐந்து பத்தி கொண்ட ஒரு எக்செல் தாள் போதும். இந்த மணி நேரங்களை உறுதிசெய்ய மருத்துவ இயக்குநரோ துறைத் தலைவரோ தேவை. அவர் வேலை மாறிப் போய்விட்டால் நான்கு வருடம் முந்தைய வேலைக்கு ஆள் தேடி அலைய நேரும். ஓர் இடத்தை விட்டு நீங்கும்போதே கடிதம் வாங்கிவிடுங்கள்.

ஃபெலோஷிப் என்றால் கணக்கு எளிது. மருத்துவப் பயிற்சித் திட்டங்களை மதிப்பிடும் ஏசிஜிஎம்இ-யின் அங்கீகாரம் பெற்ற 12 மாதத் திட்டம். இந்த அங்கீகாரம் 2018-இல்தான் தொடங்கியது. ஏகாம் என்ற கல்விச் சங்கம் திட்டங்களின் பட்டியலை வைத்திருக்கிறது. உள்நோயாளி கன்சல்ட், வெளிநோயாளிச் சிகிச்சை, ஒரே நோயாளிகளை வருடம் முழுக்கத் தொடர்ந்து பார்க்கும் கிளினிக் எல்லாம் அதில் உண்டு. கடைசியாகச் சொன்னதன் அருமை ஹாஸ்பிடலிஸ்டாக இருந்தவர்களுக்குத்தான் புரியும். மார்ச்சில் திரும்பவும் குடித்தவர் ஜூனில் வேலைக்குப் போவதை வார்டில் நின்றபடி பார்க்க முடியாது. சம்பளம் ஒரு வருடம் ரெசிடென்ட் அளவுக்கு இறங்கும். திட்டம் அனுமதித்தால் வாரம் 80 மணி நேர வரம்புக்குள் மூன்லைட்டிங் (கூடுதல் ஷிஃப்ட் வேலை) செய்யலாம்.

நம்மவர்கள் விசாவைத் தனியாகக் கவனிக்க வேண்டும். ஜே-1 பயிற்சி விசா முடித்து, நாடு திரும்பும் நிபந்தனைக்கு விலக்கு (வெய்வர்) தரும் கான்ராட் 30 திட்டத்தின் வழியாக வேலையில் இருந்தால், அந்த மூன்று வருடத்தை முழுதாக முடிக்காமல் ஃபெலோஷிப்புக்குக் கிளம்பக் கூடாது, வெய்வரே கேள்விக்குள்ளாகும். ஹெச்-1பி என்றால் ஆறு வருட வரம்பில் எவ்வளவு மிச்சம் என்று முன்கூட்டியே எண்ணுங்கள். திட்டம் ஹெச்-1பி தருமா என்பதை நேர்காணலுக்கு முன்பே மின்னஞ்சலில் கேட்டுவிடுங்கள். வாய்மொழி பதிலை நம்ப வேண்டாம்.

தேர்வு கணினியில், பல விடைகளில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கும் முறை. வருடத்துக்கு ஒரு பருவம்தான். விண்ணப்பக் காலம் அதற்குப் பல மாதம் முன்பே முடிந்துவிடும், தவறினால் ஒரு வருடம் போச்சு. வார்டு அனுபவம் உள்ளவர்கள் குடி வித்ட்ராயல் (நிறுத்தும்போது வரும் உபாதை) பகுதியை எளிதாக எழுதிவிடுவார்கள். அதன் கடுமையை அளக்கும் சீவா அளவுகோல் 10 கேள்வி, உச்சம் 67, பேச முடியாத நோயாளிக்கு அது பொருந்தாது, இதெல்லாம் கைப்பழக்கம். சறுக்குவது வேறு இடங்களில்.

ஒன்று சிறுநீர்ச் சோதனை. சாதாரண ‘ஓப்பியேட்’ இம்யூனோஅஸே (முதல்கட்டச் சோதனை) மார்ஃபின், கோடீனைப் பிடிக்கும். ஃபென்டனில், மெதடோன், புப்ரெனார்ஃபின் எதையும் பிடிக்காது. ஃபென்டனிலால் மூச்சு நின்று வந்தவரின் சோதனை ‘நெகட்டிவ்’ என்று வந்தால் அதில் வியப்பில்லை. கசகசா சாப்பிட்டாலும் ‘பாசிட்டிவ்’ வரலாம். ஹெராயினுக்கே உரிய அடையாளம் 6-மாம் என்ற சிதைபொருள், அதுவும் ஒரு நாள் போல்தான் தெரியும். புப்ரெனார்ஃபின் அளவு எக்கச்சக்கமாக இருந்து, உடல் அதை உடைத்து உண்டாக்கும் நார்புப்ரெனார்ஃபின் இல்லவே இல்லை என்றால், மருந்து உடம்புக்குள் போகவில்லை, சிறுநீர்க் குப்பிக்குள் போட்டிருக்கிறார்கள். குடித்ததைச் சிறுநீரில் ஈடிஜி என்ற சிதைபொருள் சில நாள் காட்டும், இரத்தத்தில் பெத் என்ற பொருள் இரண்டு முதல் நான்கு வாரம் காட்டும்.

இரண்டாவது, நோயைக் கணிப்பது. மனநோய்களைக் கணிக்கும் கையேடான டிஎஸ்எம்-5-இல் 11 அளவுகோல். 12 மாதத்துக்குள் இரண்டு அல்லது மூன்று இருந்தால் லேசான நோய், நான்கு ஐந்து நடுத்தரம், ஆறோ அதற்கு மேலோ இருந்தால் கடுமை. முதுகுவலிக்கு டாக்டர் சொன்னபடியே ஆக்ஸிகோடோன் என்ற ஓப்பியாய்டு வலி மருந்து எடுக்கிறவருக்கு டாலரன்ஸும் (பழகிப்போய் அளவு கூட்ட வேண்டிவரும் நிலை) வித்ட்ராயலும் மட்டும் இருந்தால், இரண்டு ஆயிற்றே என்று லேசான ஓப்பியாய்டு நோய் எனக் குறிக்கக் கூடாது. சொன்னபடி மருந்து எடுப்பவருக்கு அந்த இரண்டும் எண்ணிக்கையில் சேராது. தேர்வில் மட்டுமல்ல, நிஜத்திலும் இந்தத் தவறு ஒருவரின் மருத்துவக் குறிப்பில் காலத்துக்கும் ஒட்டிக்கொள்ளும். இதில் தயவுசெய்து கவனமாக இருங்கள்.

மூன்றாவது, ஏசாம் அளவுகோல்படி எந்த நிலைச் சிகிச்சைக்கு அனுப்புவது என்பது. ஆறு பரிமாணங்கள். 2023-இல் வந்த நான்காம் பதிப்பில் ‘மாறத் தயாரா’ என்ற தனிப் பரிமாணம் போய்விட்டது, ஆறாவது இடத்தில் நோயாளியின் விருப்பமும் தடைகளும் வந்துவிட்டன. சீனியர் தந்த பழைய நோட்டை வைத்துப் படிக்கிறவர்கள் இதைச் சரிபார்த்துக்கொள்ள வேண்டும். இவற்றோடு பதின்வயதினருக்கான கிராஃப்ட் போன்ற கேள்வித்தாள் சோதனைகள், கர்ப்பிணிக்கு ஓப்பியாய்டைத் திடீரென்று நிறுத்தாமல் மெதடோனோ புப்ரெனார்ஃபினோ கொடுப்பது, போதைச் சிகிச்சைப் பதிவுகளுக்கான தனி இரகசியச் சட்டம், சூதாட்ட நோய், சிறுநீரகத் திறன் 30-க்குக் கீழ் போனால் குடி நோய்க்கான அகாம்ப்ரோசேட் கூடாது என்பது, ஓப்பியாய்டைத் தடுக்கும் நால்ட்ரெக்ஸோன் ஊசிக்கு முன் 7 முதல் 10 நாள் ஓப்பியாய்டு இல்லாமல் இருக்க வேண்டும் என்பது. இவையெல்லாம் வார்டில் அதிகம் கண்ணில் படாதவை, அங்கேதான் நேரம் செலவிட வேண்டும்.

தேறிய பிறகு இரண்டு போர்டுக்கும் தனித்தனியே கட்டணமும் தொடர்சான்றுப் பணிகளும் உண்டு. ஏபிஐஎம் சான்றைக் காலாவதியாக விடாதீர்கள்.

எந்த வழியில் போனாலும் காத்திருக்கத் தேவையில்லாத ஒன்று உங்கள் வார்டிலேயே இருக்கிறது. மெதடோனை ஓப்பியாய்டு நோய்க்காக வெளியே மருந்துக் கடையில் வாங்கும்படி எழுத முடியாது, அதற்கென்ற மையங்களில்தான் தர வேண்டும். ஆனால் வேறொரு நோய்க்காக, காலில் செல்லுலைட்டிஸ் என்றோ இதய வால்வில் தொற்று என்றோ, உங்கள் வார்டில் சேர்ந்திருப்பவருக்கு இருக்கும் நாள் வரை மெதடோன் தரச் சட்டம் அனுமதிக்கிறது. புப்ரெனார்ஃபினும் தொடங்கலாம். ஓப்பியாய்டு வித்ட்ராயலை அளக்கும் கவ்ஸ் அளவுகோலில் 8 முதல் 12 எட்டும் வரை பொறுங்கள், அவசரப்பட்டால் மருந்தே வித்ட்ராயலைக் கிளப்பிவிடும். ஃபென்டனில் கொழுப்பில் தங்குவதால் நாள்பட எடுத்தவர்களுக்கு இன்னும் நேரமாகலாம், அல்லது மிகச் சிறிய அளவில் தொடங்கி ஏற்றலாம். டிஸ்சார்ஜுக்கு முன் அடுத்த கிளினிக் நாளைக் குறித்து, அதுவரைக்கும் மருந்தும் ஓப்பியாய்டு ஓவர்டோஸை முறிக்கும் ஒரு நலாக்ஸோன் ஸ்ப்ரேயும் கையில் கொடுத்து அனுப்புங்கள். வலி பொறுக்காமல் நடு ராத்திரியில் ஊசியைக் கழற்றிவிட்டு வெளியேறுகிறவர்களில் பலர் வித்ட்ராயல் தாங்காமல் போகிறவர்கள். மருந்து கிடைத்தால் ஆன்டிபயாடிக் முடியும்வரை படுக்கையில் இருப்பார்கள்.