பெஸ்கி வீட்டுக்காரர்கள்

கேள்வி: வீரமாமுனிவர் கட்டிய கோணான்குப்பம் பெரியநாயகி மாதா கோயில் திருவிழாவுக்கு ஜனவரியில் குடும்பத்தோடு போவோம். வீரமாமுனிவரின் பழைய பெயர் பெஸ்கி என்று சொன்னதும் என் மகள் பிடித்துக்கொண்டாள். பெஸ்கி என்பது அவர் பெயரா, வீட்டுப் பெயரா? அந்தப் பெயருள்ளவர்கள் இன்றும் இத்தாலியில் இருக்கிறார்களா?
(வாசகி, விருத்தாசலம்)

பதில்: வீட்டுப் பெயர்தான் அம்மா. அவருக்கு இட்ட பெயர் கொஸ்தான்சோ ஜுசெப்பே. ஜுசெப்பே என்பது நம் சூசை. கொஸ்தான்சோவில் உறுதி, நிலைகுலையாமை என்ற பொருள் இருக்கிறது. அதைத்தான் இங்கே வந்ததும் தைரியநாதர் ஆக்கிக்கொண்டார். இட்ட பெயருக்குத் தமிழ் கிடைத்தது, வீட்டுப் பெயருக்கு இங்கே வேலையில்லை. அது கப்பலோடு நின்றுவிட்டது.

பிறந்தது 1680 இல், வட இத்தாலியில் மாந்துவாவுக்கும் பிரேஷாவுக்கும் நடுவே உள்ள காஸ்திலியோனே தெல்லே ஸ்திவியேரே என்ற ஊரில். பெரிய ஊர் இல்லை. ஆனால் உலக வரலாற்றில் அதற்கு ஒரு மூலை உண்டு. 1859 ஜூன் 24 இல் பக்கத்துச் சொல்ஃபெரினோவில் நடந்த போரில் அடிபட்டவர்களை வண்டி வண்டியாக இந்த ஊர்க் கோயில்களுக்குத்தான் கொண்டுவந்து போட்டார்கள். எந்த நாட்டுச் சிப்பாய் என்று பார்க்காமல் ஊர்ப் பெண்கள் கட்டுப் போட்டதை நேரில் பார்த்த ஹென்றி துனான் பிற்பாடு செஞ்சிலுவைச் சங்கத்துக்கு வித்திட்டார். செஞ்சிலுவை அருங்காட்சியகம் இன்றைக்கும் அந்த ஊரில் இருக்கிறது.

பெயருக்கு வருவோம். ‘பெஸ்’ என்ற முன்பாதியை வைத்து ஆளுக்கொரு கதை கட்டலாம். நான் அந்த ஆட்டத்துக்கு வரவில்லை. கடைசி ‘இ’யைப் பாருங்கள், அதுதான் விஷயமுள்ள எழுத்து. இத்தாலியில் ‘ஓ’வில் முடியும் ஆண்பால் சொல், பன்மையில் ‘இ’யில் முடியும். ஒருவர் ரோஸ்ஸோ என்றால் அவர் வீட்டார் எல்லாரும் ரோஸ்ஸி. நம் ஊரில் ‘சுப்பையா வீட்டுக்காரங்க’ என்கிறோமே, அந்த ‘வீட்டுக்காரங்க’ளை ஒரே எழுத்தில் முடித்துவிட்டார்கள். கலிலேயோ கலிலேயி என்ற பெயரைக் கேட்டு, ஏன் ஒன்றையே இரண்டு தடவை சொல்கிறார்கள் என்று சிறுவயதில் எனக்குக் குழப்பம். ஃபுளோரன்சில் 15ஆம் நூற்றாண்டில் கலிலேயோ பொனாயுத்தி என்று பெயர்பெற்ற மருத்துவர் ஒருவர் இருந்தார். வம்சம் பொனாயுத்தியை விட்டுவிட்டு அவர் பெயரையே வீட்டுப் பெயராக எடுத்துக்கொண்டது. ஆக விஞ்ஞானியின் பெயருக்கு ‘கலிலேயோ வீட்டுக் கலிலேயோ’ என்று அர்த்தம்.

இந்த ‘இ’ லொம்பார்தி, எமிலியா, தஸ்கனி பக்கத்து வழக்கம். வெனேத்தோ பக்கம் போனால் கடைசி உயிரெழுத்தையே விழுங்கிவிடுவார்கள்: பெனத்தோன், திரெவிசான். சார்தீனியாவில் ‘ஸ்’ஸிலும் ‘உ’விலும் முடியும். தெற்கே ‘தே’, ‘தி’, ‘லோ’ என்று முன்னொட்டு ஏறிக்கொள்ளும். ஒரு பெயரின் வாலைப் பார்த்து ரயில் எந்தப் பக்கத்திலிருந்து வருகிறது என்று பாதி சொல்லிவிடலாம்.

பெஸ்கிகள் இன்றும் இருக்கிறார்கள், பெரும்பாலும் அதே லொம்பார்தியில், பிரேஷா, மாந்துவா சுற்றுவட்டாரத்தில். 2020 மார்ச்சில், கொரோனாவின்போது, பெர்கமோ நகரிலிருந்து ராணுவ லாரிகள் சவப்பெட்டிகளை வரிசையாக ஏற்றிச் சென்ற படம் நினைவிருக்கிறதா? அப்போது அந்த மறைமாவட்டத்தின் ஆயர் பெயர் ஃபிரான்செஸ்கோ பெஸ்கி. 1951 இல் பிரேஷாவில் பிறந்தவர், 2009 இல் பெர்கமோ ஆயரானவர். இரண்டேமுக்கால் நூற்றாண்டு இடைவெளியில் பிறந்த இரண்டு பெஸ்கிகள், ஊர்கள் மட்டும் பக்கத்துப் பக்கத்தில். அபூர்வப் பெயர்களின் குணம் அது, முளைத்த கொல்லையைச் சுற்றியே நிற்கும்.

வீரமாமுனிவர் துறவி. அவருடைய நேர்ப் பேரன் என்று சொல்லிக்கொண்டு எவராவது வந்தால் காபி கொடுங்கள், நம்பாதீர்கள்.

கேள்வி: எத்தனை பெஸ்கி என்ற எண் மட்டும் வரவில்லையே? குடும்பப் பெயர்க் கணக்குப் போடும் தளங்களில் ஒரே பெயருக்கு ஒன்று ஓர் எண் சொல்கிறது, இன்னொன்று அதன் இருமடங்கு சொல்கிறது. (முந்தைய பதிலின் கையெழுத்துப் படியைப் பார்த்த நம் உதவி ஆசிரியர்)

பதில்: சரி, மாட்டிக்கொண்டேன். ரோஸ்ஸி அங்கே பல பத்தாயிரம் குடும்பம். பெஸ்கியை நூற்றுக்கணக்கில் எண்ணி முடித்துவிடலாம். இதற்கு மேல் கடைசி இலக்கம் வரை நான் சொன்னால் அது ஜோசியம். காரணம் சொல்கிறேன், இது என் பழைய தொழில்.

நான் மாவட்டத் தலைநகர் ஒன்றில் தொலைபேசி டைரக்டரி பிழைதிருத்தும் மேசையில் 11 வருடம் உட்கார்ந்தவன். சிவப்பு மையில் விரல் ஊறிப்போகும். என் தாத்தா இறந்து ஒன்பது வருடம் வரை எங்கள் வீட்டு எண் அவர் பெயரில்தான் அச்சாயிற்று. மாற்றுவதற்கு அப்பா மனுக் கொடுக்கவில்லை. நானும் திருத்தவில்லை, அந்த வரியைக் கடக்கும்போது பேனா தயங்கும். டைரக்டரியின்படி தாத்தா உயிரோடு இருந்தார், அப்பா பிறக்கவே இல்லை.

இத்தாலியப் பெயர் வரைபடங்கள் பலவும் ஆரம்பத்தில் இந்த மாதிரி புத்தகங்களிலிருந்து எழுந்தவைதாம். ஆகவே அங்கே தெரியும் எண், ஆட்களின் எண் அல்ல, தொலைபேசி வைத்திருந்த வீடுகளின் எண். ஒரு தளம் அதை அப்படியே ‘குடும்பங்கள்’ என்று போடுகிறது. இன்னொன்று சராசரிக் குடும்ப அளவால் பெருக்கி ‘மக்கள்’ என்று போடுகிறது. இத்தாலியில் வீட்டுக்குச் சராசரியாக இரண்டு பேருக்குக் கொஞ்சம் மேல்தான், ஆகவே நீங்கள் பார்த்த ‘இருமடங்கு’ அங்கிருந்து வந்திருக்கலாம்.

ஆனால் பெருக்குவதிலும் ஓட்டை உண்டு. இத்தாலியப் பெண் கல்யாணம் ஆனாலும் ஆவணங்களில் பிறந்த வீட்டுப் பெயரோடுதான் இருப்பாள். 1975 குடும்பச் சட்டத் திருத்தத்துக்குப் பிறகு கணவர் பெயரை ஒட்டிக்கொள்ளலாமே தவிர, சொந்தப் பெயர் போகாது. எனவே பெஸ்கி வீட்டில் இருக்கும் மனைவி பெஸ்கி அல்ல. பெஸ்கி வீட்டில் பிறந்து வேறு வீட்டுக்குப் போன மகளோ, டைரக்டரியில் எங்கும் தெரியாத பெஸ்கி. ஒருத்தி வர, ஒருத்தி போக, கணக்கு ஓரளவு சமனாகிறது என்று வைத்துக்கொள்ளலாம். பெரிய பெயர்களில் அந்தச் சமன் நிற்கும். நூற்றுக்கணக்கான வீடுகளே உள்ள பெயரில், ஐந்து வீட்டில் லேண்ட்லைனைப் பிடுங்கிவிட்டாலே வரைபடத்தில் ஓர் ஊர் காணாமல் போகும். பெயர் அபூர்வமாக ஆக ஆக எண்ணை நம்பாதீர்கள், ஊரை நம்புங்கள்.

உண்மையான வேர் வேண்டுமென்றால் பங்குக் கோயில் பதிவேடுதான். 1563 இல் முடிந்த, கத்தோலிக்கத் திருச்சபையின் திரெந்து பொதுச்சங்கம் திருமுழுக்கு, திருமணப் பதிவுகளைக் கட்டாயமாக்கியது. 1614 இல் வந்த உரோமைச் சடங்கு முறை இறப்புப் பதிவையும், ‘ஆன்மாக்களின் நிலை’ என்ற குடும்பவாரிப் பதிவேட்டையும் சேர்த்தது. பங்குத்தந்தை வீடு வீடாகப் போய், குடும்பத் தலைவர், மனைவி, பிள்ளைகள், வேலைக்காரர் என்று வயதோடு எழுதிக்கொள்வார். அரசாங்கம் இத்தாலி முழுவதற்கும் ஒரே சிவில் பதிவைத் தொடங்கியது 1866 இல்தான். அதற்கு முன் இரண்டு மூன்று நூற்றாண்டுகளுக்கு, எந்தத் தெருவில் எந்த வீட்டுப் பெயர் இருந்தது என்று அந்தப் பதிவேடுகள்தான் சொல்லும்.

கேள்வி: சோனியா காந்தியின் பிறந்த வீட்டுப் பெயரான மைனோவும் இந்த வகையா? (வாசகர், சாத்தூர்)

பதில்: அதே வகை, இன்னும் அழகான உதாரணம். அவர் 1946 இல் பிறந்தது வெனேத்தோ மலைப்பக்கத்து லூசியானா கிராமத்தில். அங்கே ஒரு குடியிருப்புக்கே ‘கொந்த்ராதா மைனி’ என்று பெயர். மைனோ ஒருமை, மைனி பன்மை. தலைமுறை தலைமுறையாக மைனோ வீட்டார் குடியிருந்த தெரு. அரசியல் கேள்விகளை ஆசிரியருக்கு அனுப்பவும்.

கேள்வி: எஸ்போசித்தோ என்றால் அநாதை என்று அர்த்தமாமே, நிஜமா? (வாசகர், புதுச்சேரி)

பதில்: வெளியே வைக்கப்பட்டது என்று அர்த்தம். நேப்பிள்ஸில் அனுன்சியாத்தா கோயிலையொட்டிய இல்லத்தின் சுவரில் ஒரு மர உருளை இருந்தது. பிள்ளையை வளர்க்க வழியில்லாதவள் தெருப்பக்கமிருந்து உள்ளே வைத்துச் சுற்றிவிட்டால், உள்பக்கம் இருப்பவர் எடுத்துக்கொள்வார். ஒருவர் முகம் ஒருவருக்குத் தெரியாது. அப்படி வந்த பிள்ளைகளுக்கு எஸ்போசித்தோ என்று எழுதினார்கள். 1875 இல் அந்த உருளையை மூடினார்கள். பெயர் மூடவில்லை, இன்று இத்தாலியில் மிக அதிகம் பேர் வைத்திருக்கும் பெயர்களில் அது ஒன்று. ஃபுளோரன்சில் 1445 இல் திறந்த குழந்தைகள் இல்லத்திலிருந்து வந்தது இன்னோசென்தி என்ற பெயர். மிலானில் கொலொம்போ, அதாவது புறா. அங்கே இப்படி விடப்பட்ட பிள்ளைகளை ஏற்ற மருத்துவமனையின் சின்னம் புறா என்பதால் என்பார்கள். ஒரே கொலொம்போ பெயருள்ள ஆயிரம் பேர் ஒரே தாத்தாவின் பேரர்கள் என்று மரம் வரையப் புறப்படுகிறவர்கள் இந்த மர உருளையையும் நினைத்துக்கொள்ள வேண்டும்.

கேள்வி: ஊரே ஒரே பெயரானால் தபால்காரர் என்ன செய்வார்? (அதே வாசகர்)

பதில்: வெனிஸ் காயலின் தென்முனையில் கியோஜா என்ற மீனவர் ஊர். எங்கு திரும்பினாலும் பொஸ்கோலோ, இல்லாவிட்டால் தியோட்ஸோ. தாங்க முடியாமல் ஒவ்வொரு கிளைக்கும் ஒரு பட்டப்பெயர். அது அரசாங்க ஆவணத்திலேயே ஏறிவிட்டது. நம் கிராமத்தில் ‘ஒத்தப்பனை’ முத்துவையும் ‘கிணத்தடி’ முத்துவையும் பிரித்துச் சொல்வது போல. நம் பட்டப்பெயர் ரேஷன் கார்டில் ஏறாது, அவ்வளவுதான் வித்தியாசம்.

கேள்வி: அபூர்வமான பெயர்கள் நாளடைவில் அழிந்துவிடுமா? (கல்லூரி மாணவி, திருச்சி)

பதில்: இதே கேள்வியை இங்கிலாந்தில் கால்ட்டன் என்ற விஞ்ஞானி கேட்டார். வாட்சன் என்ற பாதிரியார் கணக்குப் போட்டார். 1874 இல் இருவரும் சேர்ந்து வெளியிட்டார்கள். எல்லாப் பெயரும் கடைசியில் அழியும் என்று விடை வந்தது. சமன்பாட்டுக்கு இரண்டாவது தீர்வு ஒன்று இருந்ததை வாட்சன் கவனிக்கவில்லை. சராசரியாக ஒரு தகப்பனுக்கு ஒன்றுக்கு மேல் ஆண்பிள்ளை இருந்தால் பெயர் தப்பிப் பிழைக்கவும் வாய்ப்புண்டு. அந்தச் சராசரி ஒன்றைத் தாண்டாவிட்டால்தான் பாதிரியார் சொன்னது சரி.

இத்தாலியிலேயே இதைப் பெயரோடும் ரத்தத்தோடும் பார்த்தவர் மரபியல் அறிஞர் லூகா கவாலி-ஸ்ஃபோர்சா. 1950களில் பார்மா பள்ளத்தாக்கில், அந்தோனியோ மொரோனி என்ற குருவின் துணையோடு பங்குப் பதிவேடுகளைப் புரட்டினார். ஞாயிறு பூசை முடிந்ததும் கோயிலின் பின்னறையில் ஊராரிடம் ரத்த மாதிரி எடுத்தார்கள். மலைமேல் உள்ள சின்னக் கிராமங்களில் ஊருக்கு ஊர் ரத்தவகை விகிதம் தாறுமாறாக மாறியது. சமவெளிப் பெரிய ஊர்களில் அவ்வளவு மாற்றமில்லை. சிறு கூட்டத்தில் அதிர்ஷ்டம் பெரிய ஆள் என்பதுதான் காரணம், பெயருக்கும் அதே கதை. இதில் உறவுத் திருமணக் கணக்கும் அவருக்குத் தேவைப்பட்டது. அத்தை பிள்ளை, மாமன் பிள்ளையைக் கட்ட அங்கே திருச்சபையின் விலக்கு அனுமதி வேண்டும், அந்தக் காகிதங்கள் பத்திரமாக இருந்தன. நம் ஊரில் முறைப்பெண்ணைக் கட்டாததற்குத்தான் காரணம் எழுதிக் கொடுக்க வேண்டியிருக்கும்.

2022 இல் இத்தாலிய அரசியல் சாசன நீதிமன்றம், பிள்ளைக்குத் தகப்பன் பெயர் மட்டும் தானாக ஒட்டுவது செல்லாது, பெற்றோர் வேறுவிதமாக ஒத்துக்கொள்ளாவிட்டால் இருவர் பெயரும் வரட்டும் என்று தீர்ப்புச் சொன்னது. பெண்வழியாகவும் இனி பெஸ்கி தொடரலாம்.

கேள்வி: மேற்படிப்புக்கு இத்தாலி போகிறேன். எங்கள் வீட்டில் இனிஷியல்தான், குடும்பப் பெயரே கிடையாது. அங்கே என்ன செய்வார்கள்? (மாணவர், திருநெல்வேலி)

பதில்: கடவுச்சீட்டில் எப்படி இருக்கிறதோ அப்படியே எல்லாப் படிவத்திலும் எழுதுங்கள், ஓர் எழுத்தும் மாற்றாதீர்கள். போனதும் ‘கோதிச்செ ஃபிஸ்காலெ’ என்ற வரிக் குறியீடு வாங்க வேண்டியிருக்கும், எழுத்தும் எண்ணும் கலந்து மொத்தம் 16. வீடு வாடகைக்கு எடுக்க, வங்கிக் கணக்குத் திறக்க எல்லாவற்றுக்கும் அதுதான். அதன் முதல் மூன்று எழுத்து குடும்பப் பெயரின் மெய்யெழுத்துகள். அப்பா பெயர் முருகேசன் அந்த இடத்தில் போனால் எம், ஆர், ஜி. பெஸ்கி என்றால் பி, எஸ், சி. வீரமாமுனிவர் இன்றைக்குச் சொந்த ஊரில் போய் ‘தைரியநாதர், குடும்பப் பெயர் இல்லை’ என்று நின்றாலும் அந்த ஜன்னலில் இருப்பவர் முதலில் கேட்கப்போவது அந்த மூன்று எழுத்தைத்தான்.