கொசு கடித்த கதையை முதலில் பேசுவோம்

கேள்வி: எனக்கு வயது 49. குடியாத்தத்தில் வசிக்கிறோம், கணவர் லுங்கி வியாபாரம் செய்கிறார். நான் மாநிறம். முன்நெற்றியும் காதோரமும் நரைத்துவிட்டதால் எட்டு ஆண்டுகளாகக் கறுப்புச் சாயம் பூசி வருகிறேன். அது இப்போது முகத்தோடு ஒட்டாமல் தனியாகத் தெரிவதாக என் தங்கை சொல்கிறாள். அழகு நிலையப் பெண் பர்கண்டி போடச் சொல்கிறாள், மகளோ பிரவுன்தான் நல்லது என்கிறாள். ஆவணியில் மகளுக்கு நிச்சயதார்த்தம். மாப்பிள்ளை வீட்டார் சென்னைக்காரர்கள். சம்பந்தியம்மாள் பார்க்க மிகவும் இளமையாக இருக்கிறார். மாநிறத்துக்கு எடுப்பான நிறம் எது? (கெங்கையம்மன் சிரசுத் திருவிழாவுக்காகப் பூசியபோது மறுநாள் இரண்டு இமைகளும் வீங்கிவிட்டன. கொசு கடித்தது என்று வீட்டில் சொல்லிவிட்டு அரிப்புக்குப் போடும் செட்ரிசின் மாத்திரை ஒன்றைப் போட்டுக்கொண்டேன். மூன்று நாளில் வடிந்துவிட்டது. அதனால் தரமான பிராண்டாகச் சொல்லுங்கள்.)
— பெயர் வெளியிட விரும்பாத வாசகி, குடியாத்தம்

பதில்: சகோதரி, நிறத்தைப் பற்றி விரிவாக எழுதிவிட்டு, இமை வீங்கியதை அடைப்புக்குறிக்குள் போட்டு மூடியிருக்கிறீர்கள். இத்தனை ஆண்டுகளாக எனக்கு வரும் கடிதங்களில் பெண்கள் முக்கியமான செய்தியை அடைப்புக்குறிக்குள்தான் வைக்கிறார்கள் என்பதால், நான் முதலில் படிப்பதும் அதைத்தான்.

சாயம் பூசிய அன்று ஒன்றும் இல்லாமல் இருந்து, மறுநாளோ அதற்கு மறுநாளோ இமை வீங்குவதும், காதுக்குப் பின்னாலும் பிடரியிலும் நமைச்சல் எடுப்பதும், தலைச்சாயத்தில் உள்ள பி.பி.டி. எனப்படும் பாராஃபினிலீன்டையமின் என்ற வேதிப்பொருளுக்கு உடல் காட்டும் ஒவ்வாமையின் வழக்கமான அடையாளங்கள். உறுதி செய்ய வேண்டியவர் தோல் மருத்துவர்தான் என்றாலும், நீங்கள் எழுதியிருப்பதைப் படித்தால் எனக்கு வேறு எதன்மீதும் ஐயம் எழவில்லை. சாயம் தலையில் பட, வீக்கம் கண்ணில் தெரிவதற்குக் காரணம், முகத்தில் மிக மெல்லிய தோல் இமையில்தான் இருக்கிறது என்பதே. எட்டு ஆண்டுகள் ஒத்துக்கொண்டது இப்போது ஏன் ஒத்துக்கொள்ளாமல் போகிறது என்று கேட்பீர்கள். பலமுறை பட்டுப் பட்டுத்தான் உடல் இந்தப் பொருளைப் பகையாகப் பதிந்துகொள்கிறது. பதிந்துகொண்ட பிறகு அதை எளிதில் மறப்பதில்லை. அடுத்த முறை வீக்கம் இமையோடு நிற்காமல் முகம் முழுவதும் பரவலாம், தலைத்தோலில் நீர் கசியலாம். இந்த வகை ஒவ்வாமைக்குச் செட்ரிசின் பெரிதாக எதுவும் செய்துவிடாது. மூன்று நாளில் வடிந்தது தானாகவே வடிந்ததுதான். அதை மாத்திரையின் கணக்கில் எழுதிக்கொண்டு இன்னொரு பெட்டி வாங்கக் கிளம்பியிருக்கிறீர்கள்.

தரமான பிராண்டாகச் சொல்லுங்கள் என்கிறீர்கள். விலை கூடிய பெட்டியிலும் இதே பொருள் இருக்கலாம். அம்மோனியா இல்லாதது என்று அச்சிட்டிருந்தால் அதில் பி.பி.டி. இல்லை என்று பொருளாகாது. ஐந்து நிமிட ஷாம்பூ சாயத்திலும், மூலிகைப் படம் போட்ட பாக்கெட்டிலும்கூட அது இருப்பதுண்டு. நம் நாட்டு விதிகளின்படி பி.பி.டி. கலந்த சாயத்தோடு ஓர் எச்சரிக்கை வர வேண்டும்: சிலருக்குத் தோலில் கடுமையான அழற்சி உண்டாகலாம், ஆகவே ஒவ்வொரு முறையும் காதுக்குப் பின்னாலோ முன்கையின் உட்புறத்திலோ சிறிது தடவி 24 மணி நேரம் பார்த்துவிட்டுப் பூச வேண்டும், புருவத்திலும் இமை மயிரிலும் தடவவே கூடாது, தடவினால் பார்வையே போகலாம் என்று அதில் சொல்லியிருக்கும். எட்டாக மடித்துக் கையுறையோடு சேர்த்து வைத்திருக்கும் அந்த மெல்லிய தாளை நீங்கள் ஒரு நாளும் பிரித்துப் பார்த்திருக்க மாட்டீர்கள். கையுறையை எடுத்துக்கொண்டு தாளைக் குப்பையில் போடுவதுதான் வீட்டுக்கு வீடு நடக்கிறது. வீங்கியது தெரிந்த பிறகு இந்தச் சோதனையை வீட்டில் செய்து பார்ப்பதும் உங்களுக்கு வேண்டாம். அந்தக் கட்டத்தை நீங்கள் தாண்டிவிட்டீர்கள்.

இனி அந்தக் கொசுவுக்கு வருகிறேன்.

இரண்டு கண்ணிலும், ஒரே இரவில், ஒரே அளவில், இமையில் மட்டும் கடித்துவிட்டுப் போன கொசுவை உங்கள் வீட்டில் எல்லோரும் நம்பியிருக்கிறார்கள். வைகாசி முதல் நாள் சிரசு பார்க்க உறவினர்கள் வந்து தங்கியிருந்த வீட்டில், கண் திறக்க முடியாமல் அடுப்படியில் நின்றவரை ஒருவரும் நிறுத்தி ஏன் என்று கேட்கவில்லை, அல்லது கேட்டும் சொன்ன பதிலோடு நகர்ந்துவிட்டார்கள். இதற்காக நான் அவர்களைத் திட்டுவேன் என்று நீங்கள் எதிர்பார்த்தால், முதலில் திட்டப்போவது உங்களைத்தான். தலைவலி வந்தால் தூக்கமில்லை என்பதும், மூட்டு வலித்தால் வெயில் என்பதும், இமை வீங்கினால் கொசு என்பதும் ஒரே நாளில் வந்த பழக்கமாக இருக்க முடியாது. அம்மாவுக்கு ஒன்றும் ஆகாது என்று வீட்டாரை இத்தனை ஆண்டுகளாக நம்பவைத்தவர் நீங்கள்தான். அதைப் பொறுமை என்றும் தியாகம் என்றும் நம் ஊரில் சொல்லிக்கொள்கிறோம். எனக்கு அதில் உடன்பாடில்லை. மாதச் சீட்டுக்குப் பணம் குறைந்தால் கணவரிடம் மறைப்பீர்களா? வீட்டுப் பொதுக் கணக்கில் வர வேண்டிய செய்தியை மறைப்பது தவறு என்று உங்களுக்குத் தெரியும். உங்கள் உடம்பும் அந்தப் பொதுக் கணக்கில் சேர்ந்ததுதான். நீங்கள் படுத்துவிட்டால் நிச்சயதார்த்தத்தைத் தள்ளிப்போட வேண்டியவர்கள் அவர்கள், மருத்துவமனையில் இரவு கண்விழிக்க வேண்டியவர்களும் அவர்களே.

மகளுக்கும் ஒரு வார்த்தை. இந்தப் பகுதியை அவளிடம் படிக்கக் கொடுங்கள். அம்மாவுக்கு எந்த நிறம் பொருந்தும் என்று கருத்துச் சொல்லத் தெரிந்த பெண்ணுக்கு, அம்மாவின் கண் ஏன் வீங்கியது என்று பார்க்கவும் தெரிந்திருக்க வேண்டும். கல்யாணம் ஆகி இன்னொரு வீட்டுக்குப் போகும் முன் அவள் கற்றுக்கொள்ள வேண்டியவற்றில் இதுவும் ஒன்று. மாறாக, வலியை மறைப்பதுதான் குடும்பப் பெண்ணின் இலக்கணம் என்பதை உங்களிடமிருந்து கற்றுக்கொண்டு போனாளானால், நாளைக்குச் சென்னையில் ஒரு சமையலறையில் அவளும் ஏதோ ஒரு கொசுவைக் கண்டுபிடிப்பாள். அதற்கு நீங்கள்தான் பொறுப்பு.

சம்பந்தியம்மாள் இளமையாக இருக்கிறார் என்று எழுதியிருப்பதையும் நான் கவனிக்காமல் விடவில்லை. நிச்சயதார்த்தத்தன்று தட்டு மாற்றிக்கொள்ளும் இரண்டு அம்மாக்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கும் உறவினர்கள் உண்டு, பந்தியில் உட்கார்ந்து அதைப் பேசுபவர்களும் உண்டு. அந்தப் பேச்சுக்கு வயது ஒரு வேளைச் சாப்பாட்டு நேரம். பெண்ணின் தாய் தாயைப் போல இருப்பதில் என்ன குறை என்று எனக்குப் புரிந்ததே இல்லை. நரைத்த தலையோடு நிமிர்ந்து நின்று சம்பந்தியை வரவேற்கும் பெண்மணியிடம் எதிர்த்தரப்பு சற்று அளந்தே பேசும் என்பதை நான் பல கூடங்களில் பார்த்திருக்கிறேன்.

ஆனாலும் நீங்கள் கேட்டது நிறத்தைப் பற்றி. ஒவ்வாமை இல்லாத மற்ற வாசகியரும் இதே கேள்வியை அடிக்கடி அனுப்புவதால் அதற்கும் பதில் எழுதிவிடுகிறேன்.

உங்கள் தங்கை சொன்னது சரி. வயது கூடும்போது கண்ணுக்குக் கீழே கருவளையமும் கன்னத்தில் மங்கும் வருகின்றன. அட்டைக்கறுப்புத் தலைமுடி முகத்தைச் சுற்றிக் கோடு போட்டதுபோல நின்று அவற்றை எடுத்துக் காட்டிவிடும். முடி மாதத்துக்கு ஏறக்குறைய ஒரு சென்டிமீட்டர் வளர்வதால், இரண்டு வாரத்திலேயே வகிடு வெள்ளைக் கோடாகத் தெரியத் தொடங்கும். மாநிறத்துக்கும் கறுத்த நிறத்துக்கும் கறுப்பிலிருந்து ஓரிரு படி இறங்கிய அடர்பழுப்பே பாந்தமாக இருக்கும். பெட்டியில் உள்ள எண்ணில் முதல் இலக்கம் அடர்த்தியைக் குறிக்கும்: 1 என்றால் கறுப்பு, 3 என்றால் அடர்பழுப்பு, 4 என்றால் பழுப்பு. புள்ளிக்குப் பின்னால் வரும் இலக்கம் சாயலைக் குறிக்கும், அது நிறுவனத்துக்கு நிறுவனம் சற்று மாறும். புள்ளி எதுவும் இல்லாத 3 அல்லது 4 நம் பக்கத்துப் பெண்களில் பெரும்பாலோருக்குப் போதும். சாம்பல் சாயல் மாநிற முகத்தை வெளிறச் செய்துவிடும் என்பதால் அதைத் தவிர்க்கலாம்.

மணிக்கட்டு நரம்பு பச்சையா நீலமா என்று பார்க்கும் சோதனையை நம் தோலில் நான் நம்புவதில்லை. மஞ்சளையும் பவுடரையும் கழுவிவிட்டு, காலை வெளிச்சத்தில் வாசலில் நின்று, அரக்கு நிறப் புடவையை ஒரு முறையும் சாம்பல் நீலப் புடவையை ஒரு முறையும் கழுத்தோடு சேர்த்துப் பிடித்துப் பாருங்கள். அரக்கில் முகம் தெளிந்தால் பொன்சாயல் கலந்த பழுப்பு பொருந்தும். நீலத்தில் தெளிந்தால் சாயல் இல்லாத அடர்பழுப்போடு நின்றுவிடலாம். குழல்விளக்கின் கீழ் இந்தச் சோதனையைச் செய்வது வீண்.

பர்கண்டி உங்களுக்கு வேண்டாம். எட்டு ஆண்டுக் கறுப்பு ஏறிய முடியின் மேல் அது பிடிக்காது. நரைத்த முன்நெற்றியில் மட்டும் ஊதாச் சிவப்பாக எழும்பி நிற்கும். லுங்கிக்காரர் வீட்டில் வாழ்பவருக்கு இதை நான் விளக்க வேண்டியதில்லை. கறுப்பில் தோய்த்த நூலைச் சிவப்பில் தோய்த்தால் அது சிவப்பாகுமா என்று உங்கள் வீட்டுக்காரரைக் கேளுங்கள், அவரே சிரிப்பார். பழைய கறுப்பைப் பிளீச் வைத்து இறக்கினால்தான் வெளிர்ந்த நிறம் ஏறும். ஏற்கெனவே அழற்சி கண்ட தலைத்தோலுக்கு அதை நினைக்கவும் கூடாது.

அப்படியானால் உங்களுக்கு என்னதான் வழி என்றால், மருத்துவர் சரி என்று சொன்ன பிறகு மருதாணியும், நீலச் சாயம் தரும் அவுரி இலையும் உண்டு. மருதாணி மட்டும் பூசினால் நரை செம்பட்டையாக மாறும். ஒரு பங்கு மருதாணிப் பொடிக்கு இரண்டு பங்கு அவுரிப் பொடி சேர்த்தால் மேலே சொன்ன அடர்பழுப்புக்குப் பக்கத்தில் வரும். பூசிய அன்று சற்றுப் பச்சையாகத் தோன்றினாலும் ஓரிரு நாளில் நிறம் இறங்கிக் கறுக்கும். மருதாணியை முதலிலேயே கரைத்து ஊற வைத்துவிட்டு, அவுரியைப் பூசுவதற்குச் சற்று முன்னால் வெதுவெதுப்பான நீரில் கரைத்துச் சேர்க்க வேண்டும், ஊறப் போட்டுக் காத்திருந்தால் அதன் சாரம் போய்விடும். நிச்சயதார்த்தத்துக்கு முதல் நாள் இரவு தொடங்குகிற வேலை இது அன்று. ஒரு மாதம் முன்னதாக ஒரு கற்றை முடியில் மட்டும் பூசிப் பார்த்துவிட வேண்டும். இரண்டு பொடிகளும் பச்சையாக, இலை மணத்தோடு இருக்க வேண்டும். கடையில் கறுப்பு மருதாணி என்று விற்பதை மட்டும் தொடவே தொடாதீர்கள், சில நிமிடங்களில் கறுக்கும் மருதாணியில் பெரும்பாலும் இதே பி.பி.டி.தான் ஒளிந்திருக்கிறது. மகளுக்கு மெகந்தி போட வருபவரிடமும் இதைக் கேட்டுவிடுங்கள்.

அதற்கெல்லாம் முன்னால் செய்ய வேண்டியது, இன்று இரவு சாப்பாடு முடிந்ததும் கணவரிடம் கொசுவைப் பற்றிய உண்மையைச் சொல்வது. பிறகு வேலூரில் சி.எம்.சி. மருத்துவமனையின் தோல் பிரிவுக்கோ, செலவு யோசனையாக இருந்தால் அடுக்கம்பாறை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கோ போய், நடந்ததைத் தேதியோடு சொல்லுங்கள். பேட்ச் டெஸ்ட் செய்யலாம் என்று அவர்கள் சொன்னால், ஒவ்வாமை தரக்கூடிய பொருள்களை முதுகில் சிறு சிறு பொட்டுகளாக வைத்து ஒட்டி, இரண்டு நாள் கழித்துப் பிரித்துப் பார்த்து, அதன் பின்னும் ஓரிரு நாளில் மறுபடி பார்ப்பார்கள்; அதுவரை முதுகில் தண்ணீர் படக் கூடாது, வியர்க்க வியர்க்க வேலை செய்யவும் கூடாது. எனவே துணி துவைப்பதையும் தண்ணீர் சுமப்பதையும் அந்த வாரம் மகள் ஏற்றுக்கொள்ளட்டும். ஒவ்வாமை உறுதியானால் அதைக் கொட்டை எழுத்தில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள், பி.பி.டி. ஒத்துக்கொள்ளாதவர்களில் சிலருக்கு மரத்துப்போகத் தடவும் பென்சோகெயின் களிம்பும், சில துணிச் சாயங்களும் ஒத்துக்கொள்ளாமல் போகலாம் என்பதால் பல் மருத்துவரிடமும் அதைக் காட்ட வேண்டியிருக்கும். இதற்கிடையில் எப்போதாவது உதடு வீங்கினாலோ மூச்சு இழுத்தாலோ பேருந்துக்கும் புறநோயாளிச் சீட்டுக்கும் காத்திருக்காமல் 108-ஐ அழைத்துவிடுங்கள்.

போகும்போது திருவிழாவுக்குப் பூசிய சாயத்தின் காலிப் பெட்டியைத் தேடி எடுத்துப் போங்கள். பெட்டி போய்விட்டிருந்தால் அதே சாயத்தைக் கடையில் கேட்டு, பின்பக்கத்தைக் கைப்பேசியில் படம் எடுத்துக்கொண்டால் போதும். தனியாகப் போக வேண்டாம். லுங்கிக் கணக்கை ஒரு நாள் மகளிடம் ஒப்படைத்துவிட்டு உங்கள் வீட்டுக்காரரே உடன் வரட்டும், மருத்துவர் கேட்கும்போது நீங்கள் மறுபடி கொசு என்று சொல்லிவிடாமல் பார்த்துக்கொள்ள ஓர் ஆள் வேண்டும்.