ரேடியேற்றருக்குள்ள கல் படிஞ்சால்: கேள்வி பதில்

கேள்வி (முழங்காவில்): அண்ணை, ரக்ரருக்குக் குழாய்க்கிணற்றுத் தண்ணிதான் விடுறம். உழேக்குள்ள மத்தியானத்தோட சூட்டு முள்ளு ஏறுது. ரேடியேற்றர் வெளியில துப்புரவு.

பதில்: பழுது உள்ளுக்கை, தம்பி. உங்கட பக்கம் அடிநிலம் சுண்ணக்கல். கேத்திலின் அடியில் வெள்ளையாகப் படிவதுதான் சிலிண்டர் ஹெட்டைச் சுற்றியும் படியுது. ஆகச் சூடான இடத்தில்தான் முதலில் ஒட்டும். வார்ப்பிரும்பு கடத்துற சூட்டில் ஏறத்தாழ இருபதில் ஒரு பங்குதான் அந்தக் கல் கடத்தும்.

எஞ்சின் நன்றாக ஆறினபிறகு ரேடியேற்றர், புளொக் இரண்டிலும் வடியுங்கோ. தெர்மோஸ்ரற்றை (சூட்டுக்கேற்பத் தண்ணியைத் திறந்து மூடுற வால்வு) கழற்றுங்கோ. லீற்றருக்கு 50 கிராம் சிற்றிக் அசிற். 10 லீற்றர் பிடிச்சால் அரைக் கிலோ. சுடுதண்ணியில் கரைச்சு ஊற்றி, மூடியை இறுக்காமல் அரை மணித்தியாலம் ஓடவிடுங்கோ. நுரைச்சால் கல் கரையுது. செம்மண் நிறத்தில் வந்தால் துரு. ஆறவிட்டு வடிச்சு, தெளியும்வரை அலசுங்கோ. பிறகு லீற்றருக்கு 10 கிராம் அப்பச்சோடா, பத்து நிமிடம், திரும்ப அலசல். அலுமினிய ரேடியேற்றர் என்றால் அசிற்றைப் பாதியாக்கி, 15 நிமிடத்தில் வடியுங்கோ.

கேள்வி (ஒட்டுசுட்டான்): கக்கூஸ் கழுவுற அசிற் கெதியாக் கரைக்குமாம். போன கிழமை ஊத்தினன், இப்ப ஒழுகுது.

பதில்: அது ஐதரோகுளோரிக் அமிலம். ஈயப் பற்றாசையும் அலுமினியத்தையும் தின்னும். இனி ஊற்றவே வேண்டாம். சிற்றிக்கில் கழுவினபிறகும் சிலவேளை ஒழுகும். அது பழைய ஓட்டை, கல்தான் அடைச்சுக்கொண்டு இருந்தது.

கேள்வி (நெடுங்கேணி): தண்ணித் தொட்டி வைச்ச இரண்டு சில்லு லான்ட்மாஸ்ரருக்குக் கூலன்ற் (ரேடியேற்றருக்கு விடுற குளிர்விக்கும் திரவம்) விடலாமோ?

பதில்: வேண்டாம். அது தண்ணி கொதிச்சு ஆவியாகித்தான் குளிருது. ஆவி போகும், உப்பு நிற்கும்: லீற்றருக்கு 400 மில்லிகிராம் கல் கரைஞ்ச தண்ணியில் 100 லீற்றர் ஆவியானால் 40 கிராம் உள்ளே மிச்சம். மாரியில் முதல் மழையை விட்டுவிட்டு, ஓட்டுக்கூரைத் தண்ணியைத் தாங்கியில் சேருங்கோ. இந்த மெசினுக்கு அதைவிட நல்ல மருந்து இல்லை.

கேள்வி (முள்ளியவளை): கூலன்ற் எவ்வளவு? பச்சையும் சிவப்பும் கலக்கலாமோ?

பதில்: பாதி கூலன்ற், பாதி பற்றறித் தண்ணி (காய்ச்சி வடிச்ச தண்ணி, பற்றறி அசிற் இல்லை). ரேடியேற்றர் மூடியின் அழுத்தம் இல்லாமலே 108 பாகை வரை கொதிக்காது. துருவும் பிடிக்க விடாது. கலக்காதேங்கோ, சில வகைகள் களியாகி நுண்குழாயை அடைக்கும். பச்சையை இரண்டு வருசத்துக்கு ஒருக்கா மாற்றுங்கோ. குறைஞ்சால் கிணற்றுத் தண்ணியால் நிரப்பாதேங்கோ, அதோட கல் திரும்பத் தொடங்கும்.

கேள்வி (கண்டாவளை): வடிச்ச பழைய கூலன்றை எங்க ஊத்துறது?

பதில்: வாய்க்காலிலும் முற்றத்திலும் கூடாது. இனிப்பாக இருக்கும், ஆடும் நாயும் நக்கினால் செத்துப்போகும். மூடிக் கலனில் அடைச்சு, கழிவு ஒயில் எடுக்கிற கராச்சில் கேட்டுக் குடுங்கோ, ஒயிலோட கலக்காதேங்கோ.